பாங்காக் டூ பினாங்கு: ரயிலிலேயே எல்லை தாண்டலாமா? தாய்லாந்தின் எந்த வாசல் திறந்திருக்கிறது?

"ரிட்டர்ன் டிக்கெட் காட்டுங்க."

சென்னை விமான நிலையத்தில் பாங்காக் விமானத்துக்கு செக்-இன் செய்யும்போது வரும் கேள்வி இது. போவது பாங்காக், திரும்புவது கோலாலம்பூரிலிருந்து என்று டிக்கெட் போட்டவர்கள் முதலில் தடுமாறுவது இந்த இடத்தில்தான். தாய்லாந்திலிருந்து எப்படி வெளியே போவீர்கள்? "ரயில்ல" என்று சொன்னால் கவுண்டரில் இருப்பவர் ஒரு நிமிடம் யோசிப்பார். அந்த ஒரு நிமிடத்தைத் தாண்ட கையில் காகிதம் வேண்டும். மலேசிய எல்லை வரைக்குமான ரயில் டிக்கெட், கோலாலம்பூர்–சென்னை விமான டிக்கெட் இரண்டையும் பிரின்ட் எடுத்து வைத்திருந்தால் பிரச்சினை பெரும்பாலும் அங்கேயே முடிந்துவிடும். இல்லாமல் போனால், விமான நிறுவனம் ஏற்றவே மறுக்கலாம். பயணியைத் திருப்பி அனுப்பினால் அந்தச் செலவு விமான நிறுவனத்தின் தலையில் விழும் என்பதால் அவர்கள் கறாராகத்தான் இருப்பார்கள்.

ஒரே டிரிப்பில் இரண்டு நாடு, நடுவில் ஒரு இரவு ரயில். கேட்கவே நன்றாக இருக்கிறது. செய்யவும் முடியும். ஆனால் வரைபடத்தில் கோடு போடுவது போல தாய்லாந்தைச் சுற்றியுள்ள எல்லா எல்லைகளையும் இப்போது தாண்ட முடியாது.

நான்கு எல்லைகள், நான்கு நிலவரங்கள்

தாய்லாந்துக்கு நான்கு அண்டை நாடுகள்: மலேசியா, லாவோஸ், கம்போடியா, மியான்மர். பேக்பேக்கர்களின் பழைய ஃபேவரைட், பாங்காக்கிலிருந்து அரண்யபிரதெட் போய், நடந்து எல்லை தாண்டி, கம்போடியாவின் பொய்பெட் வழியாக அங்கோர் வாட் பார்ப்பது. யூடியூபில் இன்றும் அந்த வீடியோக்கள் கொட்டிக் கிடக்கின்றன. அவற்றை நம்பி டிக்கெட் போடாதீர்கள். 2025 ஜூலை 24 அன்று தாய்லாந்தும் கம்போடியாவும் எல்லையில் ஐந்து நாட்கள் நேரடியாக மோதிக்கொண்டன. டிசம்பரில் மீண்டும் சண்டை. இந்த மோதலில் நில வாசல்கள் சாதாரணப் பயணிகளுக்கு மூடப்பட்டன. வாசல் திறந்ததாக அதிகாரபூர்வ அறிவிப்பைப் பார்க்காமல் அங்கோர் வாட்டை நில வழித் திட்டத்தில் சேர்க்க வேண்டாம். பார்த்தே ஆக வேண்டுமென்றால் விமானம்தான்.

மியான்மர் பக்கம் பேச்சே இல்லை. 2021 பிப்ரவரி ராணுவப் புரட்சிக்குப் பிறகு அங்கே நடப்பது உள்நாட்டுப் போர். மணிப்பூரின் மோரேவிலிருந்து மியான்மர் வழியாகத் தாய்லாந்தின் மே சோட் வரை சுமார் 1,360 கி.மீ. முத்தரப்பு நெடுஞ்சாலை என்று பல ஆண்டுகளாகக் கேட்டு வருகிறோம். பைக்கில் பாங்காக் போகும் கனவு பலருக்கும் இதனால்தான் வந்தது. சாலையின் துண்டுகள் தயாராக இருந்தாலும், வழியெங்கும் யார் கட்டுப்பாட்டில் எந்த ஊர் என்பது மாதத்துக்கு மாதம் மாறுகிறது.

மே சோட் பற்றி இன்னொரு விஷயமும் சொல்ல வேண்டும். "தாய்லாந்தில் டேட்டா என்ட்ரி வேலை, விசா தேவையில்லை, டிக்கெட் நாங்களே போடுகிறோம்" என்று அழைக்கப்பட்டுப் போன இந்திய இளைஞர்கள் பலர், பாங்காக்கிலிருந்து காரில் மே சோட் கொண்டுபோகப்பட்டு, மோய் ஆற்றைக் கடந்து மியாவடியில் உள்ள ஆன்லைன் மோசடி மையங்களில் சிக்கினார்கள். 2025 மார்ச்சில் மட்டும் இந்திய விமானப்படை விமானங்களில் 549 பேர் மே சோட் வழியாக மீட்டு அழைத்து வரப்பட்டார்கள். தனியாக வரும் இளம் இந்திய ஆண்களிடம் இமிகிரேஷனில் கேள்விகள் கொஞ்சம் கூடுதலாக இருந்தால் அதற்கு இதுவும் ஒரு காரணம். எரிச்சலாகத்தான் இருக்கும். எங்கே தங்கப் போகிறேன், எப்போது கிளம்புவேன் என்பதைப் பொறுமையாகச் சொல்லுங்கள். தங்கும் இடத்தின் முகவரி போனில் மட்டும் இருந்தால் போதாது, தாளிலும் இருக்கட்டும்.

மிச்சமிருப்பது லாவோஸ், மலேசியா. இரண்டுக்குமே ரயில் இருக்கிறது.

விசா வேண்டுமா?

இந்திய பாஸ்போர்ட்டுக்குத் தாய்லாந்து 2023 நவம்பரில் விசா விலக்கு கொடுத்தது. முதலில் 30 நாள், 2024 ஜூலை 15 முதல் 60 நாள். இதைக் குறைக்கும் பேச்சு அங்கே தொடர்ந்து அடிபடுகிறது. எனவே டிக்கெட் போடும் அன்று தாய்லாந்துத் தூதரகத்தின் இணையதளத்தைப் பார்த்துவிடுவது நல்லது. நண்பர் போன வருடம் போனார் என்பது ஆதாரம் ஆகாது.

விசா இல்லை என்றால் படிவம் இல்லை என்று அர்த்தமில்லை. 2025 மே 1 முதல் டிஜிட்டல் வருகை அட்டை, சுருக்கமாக டிடிஏசி, எல்லோருக்கும் கட்டாயம். விமானம், ரயில், படகு எதில் வந்தாலும் சரி. வருவதற்கு மூன்று நாட்களுக்குள் ஆன்லைனில் நிரப்ப வேண்டும். இது இலவசம். கூகுளில் தேடினால் முதலில் வருகிற சில தளங்கள் இதற்கே ஆயிரக்கணக்கில் பணம் கேட்கும். பணம் கேட்டாலே தவறான தளம் என்று புரிந்துகொள்ளுங்கள்.

நில வழிப் பயணிகளுக்கு மட்டுமே உரிய ஒரு சிக்கல் உண்டு. விசா விலக்கில் நில எல்லை வழியாக ஒரு காலண்டர் ஆண்டில் இரண்டு முறைதான் நுழையலாம் என்ற வரம்பு 2016 இறுதியில் கொண்டுவரப்பட்டது. லாவோஸ் போய்த் திரும்பினால் ஒரு முறை. பிறகு மலேசியா போய்த் திரும்பினால் இரண்டாவது முறை. அதற்கு மேல் திட்டமிட்டால் ஆபத்து. ஒரே திசையில் போய்க்கொண்டே இருப்பவருக்கு இந்தக் கவலை கிடையாது.

மலேசியாவும் இந்தியர்களுக்கு 30 நாள் விசா விலக்கு தருகிறது. இப்போதைய அறிவிப்புப்படி 2026 டிசம்பர் 31 வரை. அங்கேயும் இதே போல ஒரு டிஜிட்டல் வருகை அட்டை, அதுவும் இலவசம். இதைப் பாங்காக்கில் ரயில் ஏறுவதற்கு முன்பே முடித்துவிடுங்கள். எல்லையில் சிக்னல் தேடி அலைய வேண்டாம்.

எந்த ஸ்டேஷன்?

இங்கேதான் பலர் ரயிலைக் கோட்டை விடுகிறார்கள். பாங்காக்கின் பழைய, அழகான ஸ்டேஷன் ஹுவா லம்போங், 1916-ல் திறந்தது. பழைய பயணப் புத்தகங்கள் எல்லாம் இங்கேதான் போகச் சொல்லும். ஆனால் 2023 ஜனவரி 19 முதல் தொலைதூர ரயில்கள் பாங் சூ பகுதியில் உள்ள புதிய குருங் தெப் அபிவத் சென்ட்ரல் டெர்மினலுக்கு மாறிவிட்டன. ஹுவா லம்போங்கில் இப்போது இருப்பது சாதாரண பாசஞ்சர் வண்டிகள்தான். (அயுத்தயா போக 20 பாட்டுக்கும் குறைவான மூன்றாம் வகுப்பு டிக்கெட் இன்றும் இங்கே கிடைக்கும். ஜன்னலோர சீட், மின்விசிறி, நம்மூர் பாசஞ்சர் மாதிரியே.)

இரண்டு ஸ்டேஷனும் ஒரே நீல வழி மெட்ரோவில் இருப்பது ஒரு ஆறுதல். சுவர்ணபூமி விமான நிலையத்திலிருந்து வருபவர்கள் ஏர்போர்ட் ரயிலில் மக்கசானில் இறங்கி, பக்கத்தில் பெட்சபுரி மெட்ரோ ஸ்டேஷனுக்கு நடந்து, அங்கிருந்து பாங் சூ போய்விடலாம். டாக்சி பேரம் தேவையில்லை.

45-ஆம் எண் ரயில்

மலேசிய எல்லையில் உள்ள பாடாங் பெசார் வரை நேராகப் போவது 45-ஆம் எண் ரயில். பிற்பகல் 4 மணி வாக்கில் பாங்காக்கை விட்டுக் கிளம்பி, மறுநாள் காலை எல்லைக்கு வந்து சேரும். மொத்த ரயிலும் எல்லை வரை போகாது. ஹாட்யாயில் பெரும்பாலான பெட்டிகள் கழன்றுவிடும், சில பெட்டிகள் மட்டுமே தொடரும். அதனால் டிக்கெட் எடுக்கும்போது பாடாங் பெசார் என்றே எடுக்க வேண்டும். பெட்டி குறைவு என்பதால் டிக்கெட்டும் சீக்கிரம் தீரும். ஏப்ரல் நடுவில் வரும் சொங்க்ரான் புத்தாண்டு, டிசம்பர் கடைசி இரண்டு சமயத்திலும் கிடைப்பது கஷ்டம். தாய்லாந்து ரயில்வேயின் டி-டிக்கெட் தளத்திலேயே வெளிநாட்டு பாஸ்போர்ட்டில் பதிவு செய்யலாம். இடைத்தரகு தளங்கள் கமிஷன் சேர்த்து விற்கும்.

இரண்டாம் வகுப்பு ஏசி ஸ்லீப்பர் சுமார் 1,000 பாட். ஒரு பாட் நம்மூர்ப் பணத்தில் இரண்டரை முதல் மூன்று ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். மேல் பெர்த் கொஞ்சம் மலிவு. கீழ் பெர்த்துக்குக் கூடுதல் காசு கொடுக்கலாமா என்றால், கொடுக்கலாம். நம் ஸ்லீப்பர் போல மூன்றடுக்கு அல்ல, இரண்டே அடுக்குதான். கீழே அகலம் அதிகம், ஜன்னலும் உங்களுக்கே. இரவானதும் ஊழியர் வந்து எதிரெதிர் இருக்கைகளை இழுத்துப் படுக்கையாக்கி, விரிப்பு போட்டு, திரைச்சீலையும் மாட்டிவிடுவார். ஏசி குளிரும். ஜாக்கெட்டைப் பெரிய பையின் அடியில் வைத்துவிட்டுப் புலம்பாதீர்கள். ரயிலில் மது அருந்தத் தடை, 2014 முதலே.

சாப்பாட்டை ஏறும் முன்பே வாங்கிக்கொள்வது உத்தமம். சைவர்களுக்கு ஒரு சொல் போதும்: "ஜே". மஞ்சள் கொடியில் சிவப்பு எழுத்து இருக்கும் கடையில் இறைச்சி, முட்டை, மீன் சாஸ் எதுவும் சேராது. பூண்டு, வெங்காயம்கூட கிடையாது. மற்ற கடைகளில் காய்கறிப் பொரியல் என்று கேட்டு வாங்கினாலும் மீன் சாஸ் விழுந்திருக்கும்.

விமானம் மலிவு இல்லையா? சில நாட்களில் ஆம். பட்ஜெட் விமானங்கள் சலுகை போடும் வாரத்தில் பாங்காக்–கோலாலம்பூர் டிக்கெட் ரயிலோடு போட்டி போடும். ஆனால் லக்கேஜ் கட்டணம், விமான நிலையத்துக்குப் போக வர ஆகும் செலவு, அன்றிரவு ஹாஸ்டல் வாடகை எல்லாம் சேர்த்துப் பாருங்கள். கணக்கு ரயில் பக்கம்தான் சாயும். ஒரு நாள் கையில் இருப்பவருக்கு மட்டும்தான் இது பொருந்தும் என்பதும் உண்மை.

மறக்கக் கூடாத இன்னொன்று வானிலை. பாங்காக்கில் மழை ஓய்ந்து சீசன் தொடங்கும் நவம்பர், டிசம்பரில்தான் தெற்கே வளைகுடாக் கரையில் வடகிழக்குப் பருவமழை உச்சத்தில் இருக்கும். நமக்குப் பழகிய மழைதான். 2025 நவம்பரில் ஹாட்யாய் நகரமே வெள்ளத்தில் மூழ்கியது. அந்த மாதங்களில் விமானத்துக்கும் ரயிலுக்கும் நடுவில் ஒரு நாளாவது இடைவெளி விடுங்கள்.

எல்லையில் என்ன நடக்கும்?

ஹாட்யாயில் ரயில் பாதை இரண்டாகப் பிரிகிறது. ஒன்று பாடாங் பெசார். மற்றொன்று பட்டானி, யாலா, நராதிவாட் மாகாணங்களின் ஊடாக சுங்கை கோலோக். இந்த மூன்று மாகாணங்களில் 2004 முதல் கிளர்ச்சியும் குண்டுவெடிப்புகளும் தொடர்கின்றன. பல நாடுகள் தம் குடிமக்களைப் போக வேண்டாம் என்கின்றன, பயண இன்சூரன்ஸும் கைவிரிக்கலாம். புதிதாகப் போகிறவர்களுக்கு அந்தத் தடம் வேண்டாம்.

பாடாங் பெசார் என்ற பெயரில் இரண்டு ஸ்டேஷன்கள் உண்டு. முதலில் வருவது தாய்லாந்துப் பக்கம். அங்கே இறங்கிவிடாதீர்கள். அடுத்து வரும் பெரிய ஸ்டேஷன் மலேசிய மண்ணில் இருக்கிறது. இரு நாட்டு இமிகிரேஷனும் அதே கட்டடத்தில்தான். மூட்டை முடிச்சு எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு முதலில் தாய்லாந்து கவுண்டரில் வெளியேறும் முத்திரை, பிறகு சில அடி தூரத்தில் மலேசிய கவுண்டர், கடைசியில் சுங்கம். கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளுங்கள்.

சுங்கத்தில் விளையாடக் கூடாது. தாய்லாந்தில் கஞ்சா கடைகளைத் தெருவுக்குத் தெரு பார்த்திருப்பீர்கள். 2025 ஜூனுக்குப் பிறகு அங்கேயே மருத்துவச் சீட்டு இல்லாமல் வாங்க முடியாது. மலேசியாவிலோ போதைப்பொருள் கடத்தலுக்கு மரண தண்டனை இன்னும் சட்டத்தில் இருக்கிறது. ஜாலிக்காக வாங்கிய ஒரு கம்மி மிட்டாய் பாக்கெட் பையின் மூலையில் கிடந்தாலும் வாழ்க்கை மாறிவிடும். கிளம்பும் முன் பையைத் தலைகீழாகக் கொட்டிப் பாருங்கள். ஹாஸ்டல் நண்பர் "இதையும் கொண்டு போறியா" என்று தரும் பார்சலுக்கும் இதே விதிதான்.

லாவோஸ் பக்கம்?

2024 ஜூலை 19 முதல் பாங்காக்கிலிருந்து லாவோஸ் தலைநகர் வியன்டியானின் கம்சவத் ஸ்டேஷனுக்கு நேரடி இரவு ரயில் ஓடுகிறது, எண் 133. நோங் காயில் இறங்கித் தாய்லாந்து முத்திரை, மீகாங் நதியின் மேல் நட்புறவுப் பாலத்தைக் கடந்து கம்சவத்தில் லாவோஸ் முத்திரை. இந்தியர்களுக்கு விசா தேவை, இ-விசா கிடைக்கிறது. அங்கிருந்து 2021 டிசம்பரில் திறந்த சீன ரயிலில் லுவாங் பிரபாங் போகலாம். ஆனால் அந்த ரயில் வேறு கேஜ், வேறு ஸ்டேஷன். நடுவில் ஊருக்குள் வண்டி பிடித்துத்தான் மாற வேண்டும்.

கையில் எவ்வளவு வைத்துக்கொள்வது?

ஹாஸ்டல் படுக்கை 300 முதல் 500 பாட், தெருக்கடைச் சாப்பாடு 50 முதல் 80 பாட். நம்மவர்களின் பட்ஜெட் கிழிவது ஏடிஎம்மில். வெளிநாட்டு கார்டுக்கு ஒவ்வொரு முறையும் 220 பாட் அளவில் கட்டணம், நம் வங்கி பிடிப்பது தனி. அடிக்கடி கொஞ்சமாக எடுக்காமல் ஒரே தடவை எடுங்கள். பணம் காட்டச் சொல்லிக் கேட்கும் உரிமையும் தாய்லாந்து இமிகிரேஷனுக்கு உண்டு. தலைக்கு 20,000 பாட் என்பது வழக்கமான அளவு. எல்லோரிடமும் கேட்பதில்லை. கேட்டால் இருக்க வேண்டும்.

பாடாங் பெசாரிலிருந்து மலேசிய கோமுட்டர் ரயிலில் இரண்டு மணி நேரத்துக்குள் பட்டர்வொர்த். அதிவேக இடிஎஸ் பிடித்தால் ஐந்தரை மணி நேர அளவில் கோலாலம்பூர். 45 தாமதமாக வருவது சகஜம் என்பதால், ஒட்டி வரும் இடிஎஸ்ஸுக்கு முன்கூட்டியே டிக்கெட் போடுவதைவிட அடுத்த வண்டிக்குப் போடுங்கள். கோமுட்டருக்கு முன்பதிவே தேவையில்லை. பட்டர்வொர்த் ஸ்டேஷனிலிருந்து நடந்தால் படகுத்துறை, எதிர்க்கரையில் பினாங்கு. வழியில் உதவி தேவைப்பட்டால், தாய்லாந்தில் இருக்கும்வரை டூரிஸ்ட் போலீஸ் எண் 1155.