கமாலா கானும் நமது பிள்ளைகளும்: ஒரு சித்திரக்கதை வீடியோ கேம் ஆகும்போது நடப்பது என்ன?

நுரைச்சோலையில் இருந்து தலவில தாண்டி கற்பிட்டி வரை, பாடசாலை விட்ட பிறகு தென்னை நிழலில் கூடும் பிள்ளைகள் பலரின் கையில் இன்று ஒரு கையடக்கத் தொலைபேசி இருக்கிறது. அதில் ஓடுவது பப்ஜியாக இருக்கும், இல்லாவிட்டால் ஃப்ரீ ஃபயராக இருக்கும். இதுபற்றிய நமது பேச்சு பெரும்பாலும் "கேம் கூடுமா, கூடாதா?" என்பதோடு முடிந்துவிடுகிறது. அந்தக் கேள்விக்கு உலமாக்கள் பதில் சொல்லட்டும். அதன் பக்கத்திலேயே இன்னொரு கேள்வி இருக்கிறது, அதை நாம் கேட்பதே இல்லை. அந்தத் திரையில் முஸ்லிம் யாராக வருகிறார்?

2001க்குப் பின்னர் வந்த பல யுத்த கேம்களில் மணல் நிறத் தெருக்களும் அரபு எழுத்துப் பலகைகளும் வரும். சுடப்படுவதற்கென்றே ஆட்கள் ஓடி வருவார்கள். 2007இல் வெளிவந்த கோல் ஒஃப் டியூட்டி: மொடர்ன் வோர்ஃபெயர் கேமின் ஒரு பகுதி, பெயர்கூடச் சொல்லப்படாத ஒரு மத்திய கிழக்கு நாட்டில் நடக்கிறது. நமது பிள்ளையும் அங்கே துப்பாக்கியின் பின்னால்தான் நிற்கிறான். 2019 ஏப்ரலுக்குப் பிறகு நமது பெயரும் உடையும் எப்படிப் பார்க்கப்பட்டன என்பதை அனுபவித்த ஒரு சமூகத்துக்கு இது சிறிய விடயம் அல்ல.

இந்தப் பின்னணியில்தான் கமாலா கானின் கதையை அறிந்துகொள்ள வேண்டும்.

யார் இந்தக் கமாலா?

இது நம் ஊர்களில் கேட்கும் 'கமலா' அல்ல. நிறைவு என்று பொருள்படும் 'கமால்' என்ற சொல்லில் இருந்து வரும் பெயர். அமெரிக்காவின் ஜேர்சி சிட்டியில் வாழும், பாகிஸ்தான் வம்சாவளியைச் சேர்ந்த 16 வயது முஸ்லிம் சிறுமி. மார்வல் நிறுவனத்தின் சித்திரக்கதைகளில் 2013இல் அறிமுகமானாள். 2014 பெப்ரவரியில் 'மிஸ் மார்வல்' என்ற பெயரில் அவளுக்கென்றே தனித் தொடர் வந்தது. இவளை உருவாக்கியவர்களில் முக்கியமான இருவர் முஸ்லிம் பெண்கள். ஒருவர் பாகிஸ்தானியப் பெற்றோருக்குப் பிறந்த பதிப்பாசிரியர் சனா அமானத். மற்றவர் இஸ்லாத்தைத் தழுவிய அமெரிக்க எழுத்தாளர் ஜி. வில்லோ வில்சன். தொடரின் முதல் தொகுதி 2015இல் ஹியூகோ விருதைப் பெற்றது.

கமாலாவின் சக்தி உருமாறும் சக்தி. கையைக் காலை நீட்டலாம், உடலைப் பெருப்பிக்கலாம். ஆனால் சக்தி கிடைத்த உடனேயே அவள் மாறுவது, தான் போற்றும் வீராங்கனை கரோல் டென்வர்ஸின் பொன்னிறக் கூந்தல் உருவத்துக்குத்தான். எல்லோரையும் போல ஆகிவிட்டால் நிம்மதி என்று நினைத்த சிறுமி, அந்த உருவம் தனக்குப் பொருந்தவில்லை என்று கண்டு, தன் முகத்தோடேயே நிற்கக் கற்றுக்கொள்கிறாள். சிறுபான்மையாக வாழும் எந்தப் பிள்ளைக்கும் இது புரியும். அவளுடைய உடைகூட ஒரு புர்கினியில் இருந்து வந்ததுதான். பள்ளிவாசல் ஷெய்கிடம் அவள் ஆலோசனைக்குப் போகும் இடத்தில், அவர் அவளைத் திட்டவில்லை. உனக்கு ஓர் ஆசிரியர் தேவை என்கிறார்.

கதை கேம் ஆவது எப்படி?

2020 செப்டெம்பர் 4ஆம் திகதி 'மார்வல்ஸ் அவெஞ்சர்ஸ்' என்ற வீடியோ கேம் வெளிவந்தது. தயாரித்தது கிறிஸ்டல் டைனமிக்ஸ், வெளியிட்டது ஸ்கொயர் எனிக்ஸ். அயன்மேன், ஹல்க், தோர் எல்லோரும் இருக்கும் இந்த கேமின் கதையை நகர்த்துபவள் கமாலா. சிதறிப்போன வீரர்களை மீண்டும் ஒன்றுசேர்ப்பது அவள் பொறுப்பு. இவ்வளவு பெரிய கேம் ஒன்றில் ஒரு முஸ்லிம் சிறுமி கதையின் நடுவில் நின்றது சாதாரண விடயம் அல்ல.

சித்திரக்கதையை கேம் ஆக்குபவர்களுக்கு மூன்று வேலைகள் இருக்கின்றன.

முதலாவது, சக்தியைப் பொத்தானாக மாற்றுவது. புத்தகத்தில் கமாலா மலைபோல் வளர்கிறாள் என்று வரைந்தால் போதும். கேமில் எந்தப் பொத்தானை அழுத்தினால் வளர்வாள், எவ்வளவு நேரம் அப்படி இருப்பாள், திரும்பவும் வளர எவ்வளவு காத்திருக்க வேண்டும் என்றெல்லாம் தீர்மானிக்க வேண்டும். எல்லையில்லாத சக்தியைக் கொடுத்துவிட்டால் ஐந்து நிமிடத்தில் ஆட்டம் சலித்துவிடும்.

இரண்டாவது, இடைவெளியை நிரப்புவது. ஒரு கட்டத்தில் அவள் வாசலில் நிற்பாள், அடுத்த கட்டத்தில் கூரையில் இருப்பாள். நடுவில் நடந்ததை வாசகரின் மனம் நிரப்பிக்கொள்ளும். கேமில் அந்த ஒவ்வோர் அடியையும் விளையாடுபவரே எடுத்து வைக்க வேண்டும். ஆகவே ஊரும் கூரையும் சுவரும் முழுமையாகக் கட்டப்பட வேண்டும்.

மூன்றாவது, எதிரியைத் தேடுவது. புத்தகத்தில் கமாலாவின் போராட்டத்தில் பாதி வீட்டுக்குள்ளேயே நடக்கிறது. உம்மாவிடம் என்ன சொல்வது, நானாவின் மார்க்கப்பற்றோடு எப்படி ஒத்துப்போவது, தோழிகளோடு எங்கே போகலாம், எங்கே போகக்கூடாது என்பன அவளுடைய பிரச்சினைகள். மணிக்கணக்கில் விளையாட வேண்டிய சண்டை கேமுக்கோ அடித்து நொறுக்க நூற்றுக்கணக்கில் எதிரிகள் வேண்டும். அதனால் இயந்திர மனிதர்கள் அணிவகுத்து வருகிறார்கள்.

எது தொலைந்தது?

கேமில் கமாலா கையை நீட்டி அடிக்கிறாள், பெரிய உருவம் எடுத்து மிதிக்கிறாள். பிறருடைய முகத்தை எடுத்துக்கொள்ளும் சக்தி அங்கே இல்லை. சண்டைக்கு அது தேவைப்படவில்லை. ஆனால் 'நான் யார்?' என்ற கேள்வி அந்தச் சக்திக்குள்தான் இருந்தது. சக்தியின் பலம் கேமுக்குள் வந்தது, அதன் அர்த்தம் புத்தகத்திலேயே நின்றுவிட்டது. குடும்ப வாழ்க்கையும் ஆரம்பப் பகுதியோடு பெரும்பாலும் ஒதுங்கிவிடுகிறது.

இன்னொரு விடயம் பணம். இந்த கேம் ஒருமுறை வாங்கியதோடு முடிவதல்ல, தொடர்ந்து செலவழிக்க வைக்கும் வகையைச் சேர்ந்தது. அலங்கார உடைகளை மட்டுமே உள்ளே விற்போம் என்று சொன்னவர்கள், 2021 ஒக்டோபரில் வேகமாக முன்னேற உதவும் பொருட்களையும் விற்பனைக்கு வைத்தார்கள். விளையாடுவோர் எதிர்த்ததால் அடுத்த மாதமே அவற்றை நீக்கினார்கள். 2023 செப்டெம்பர் 30ஆம் திகதியோடு கேமின் விற்பனையே நிறுத்தப்பட்டது. சித்திரக்கதைப் புத்தகத்தை இன்றும் வாங்கலாம். பிள்ளைகள் தொலைபேசியில் ரீலோடு காசைக் கொட்டும் கேம்களுக்கும் ஒருநாள் இதுவே நடக்கலாம் என்பதைப் பெற்றோர் அவர்களுக்குச் சொல்லி வைப்பது நல்லது.

எல்லை எங்கே?

மார்க்கத்தின் எல்லைகளை அறியாதவர்கள் கேம் செய்யும்போது தவறுகள் நடக்கின்றன. 2008இல் லிட்டில் பிக் பிளனட் என்ற கேமின் பாடல் ஒன்றில் குர்ஆன் வசனங்கள் இருந்தது தெரியவந்து, வெளியீடு தள்ளிவைக்கப்பட்டுப் பாடல் மாற்றப்பட்டது. 2021இல் கோல் ஒஃப் டியூட்டி: வென்கார்ட் கேமில் குர்ஆன் பக்கங்கள் தரையில் கிடப்பதாகக் காட்டிய அக்டிவிஷன் நிறுவனம் மன்னிப்புக் கேட்டு அதை நீக்கியது.

நம்மவர்கள் செய்தாலும் எல்லாம் இலேசாகிவிடுவதில்லை. குவைத்தின் நாயிஃப் அல் முதவ்வா 2006இல் தொடங்கிய 'த 99' சித்திரக்கதை, அல்லாஹ்வின் 99 திருநாமங்கள் சுட்டும் பண்புகளை அடிப்படையாக வைத்து வீரர்களை உருவாக்கியது. உலகப் புகழ் பெற்ற அதே தொடருக்கு எதிராக 2014இல் சவூதி அரேபியாவில் ஃபத்வா வெளியானது. அதே ஒப்பீட்டில் கமாலாவை வைத்துப் பாருங்கள். அவள் மார்க்கத்தின் சின்னம் அல்ல, மார்க்கத்தோடு வாழும் ஒரு சாதாரணப் பிள்ளை. அதனாலேயே அவள் தவறும் செய்யலாம், திருந்தவும் செய்யலாம்.

நமது கரையில் இருந்து ஒரு வீராங்கனை

கமாலாவை உருவாக்கியவர்கள் தாம் அறிந்த வாழ்க்கையைத்தான் எழுதினார்கள். நமக்கும் அதற்குக் குறைவில்லை. எல்லா வீரர்களுக்கும் ஓர் ஆரம்பக் கதை இருக்கும். 1990 ஒக்டோபரில் வடக்கில் இருந்து வெளியேற்றப்பட்டு, கையில் கிடைத்ததோடு புத்தளத்துக்கும் கற்பிட்டிக்கும் வந்து சேர்ந்த உம்மம்மாக்கள் இன்றும் நமது வீடுகளில் இருக்கிறார்கள். மார்ச்சிலும் ஓகஸ்ட்டிலும் புனித அன்னம்மாள் திருவிழாவுக்குப் பல திசைகளில் இருந்தும் மக்கள் திரளும் தலவில நமக்கு அயல். இந்தக் கரையில் இருந்து ஒரு பிள்ளை கதை வரைந்தால் எப்படி இருக்கும்?

உதாரணத்துக்குக் கரைவலையை எடுத்துக்கொள்வோம். அதை ஒருவரால் தனியாக இழுக்க முடியாது. கயிற்றை எத்தனை கைகள் பிடிக்கின்றனவோ அத்தனை மடங்கு பலம் பெறும் ஒரு சிறுமியை வரையலாம். அதைக் கேம் ஆக்கினால் பொத்தானும் எல்லையும் தானாகவே கிடைத்துவிடும். தனியே நின்றால் பலம் இல்லை, அயலவரைச் சேர்த்தால் பலம் உண்டு. விளையாடும் பிள்ளை முஸ்லிம், கத்தோலிக்கர், சிங்களவர், தமிழர் எல்லோரையும் கயிற்றுக்கு அழைத்து வந்தால்தான் வலை கரை சேரும். இங்கே சக்தியும் அதன் அர்த்தமும் பிரியவில்லை.

இதற்குக் கோடிகள் தேவையில்லை. தொடங்குவதற்கு ஒரு சித்திரக் கொப்பியும் பென்சிலும் போதும். கணினி உள்ள பிள்ளைகளுக்கு ஸ்க்ரெச், கொடோ போன்ற மென்பொருள்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. வரும் விடுமுறையில் ஒரு பாடசாலையோ அஹதிய்யாவோ பிள்ளைகளை அழைத்து எட்டுப் பக்கக் கதை ஒன்றை வரையச் சொல்லலாம். பிறகு மூன்று கேள்விகள் கேட்கலாம். உன் வீராங்கனையின் சக்தி என்ன? அதன் எல்லை என்ன? அந்தச் சக்தி எதற்காக? மூன்றாவது கேள்விக்கு அதிக நேரம் கொடுங்கள். பெரிய நிறுவனம் கைவிட்டது அதைத்தான்.