உவர்நில நெல்லும் மரபியல் பன்மையும்: கேளம்பாக்கம் பகுதியை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

பயிர்களின் மரபியல் பன்மையே புதிய இரகங்களை உருவாக்குவதற்கான மூலப்பொருள். அப்பன்மை குறையும்போது இனவிருத்தி ஆய்வின் எல்லையும் சுருங்குகிறது. சென்னையின் தென்புறத்தில் உப்பளங்களும் கழிமுகமும் சூழ அமைந்த கேளம்பாக்கம் பகுதியைத் தொடக்கமாகக் கொண்டு, உவர்த்தன்மையைத் தாங்கும் நெல் குறித்த ஆய்வுகளை இக்கட்டுரை விளக்குகிறது. பழைய செங்கற்பட்டு மாவட்டத்தில் உருவான ஒரு நெல் இரகத்தின் மரபுவழி, உவர் தாங்கும் மரபணுக்கூறுகளின் செயற்பாடு, விதைவங்கிப் பாதுகாப்பின் வரம்பு ஆகியன இதில் ஆராயப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: மரபியல் பன்மை, இனவிருத்தி, உவர்நிலம், களர்நிலம், பொக்காளி, கேளம்பாக்கம்.

முன்னுரை

பழைய மாமல்லபுரம் சாலையும் வண்டலூரிலிருந்து வரும் சாலையும் சந்திக்கும் ஊர் கேளம்பாக்கம். ஊரின் கிழக்கே கோவளம், முட்டுக்காடு கழிமுகமும் அதனை ஒட்டிய உப்பளங்களும் உள்ளன. மேற்கே ஏரிப்பாசன ஊர்கள் அமைந்துள்ளன. வடக்கே சிறுசேரித் தகவல் தொழில்நுட்பப் பூங்கா விரிந்துள்ளது. நெய்தலும் மருதமும் சில கிலோமீட்டர் இடைவெளியில் அடுத்தடுத்து அமைந்த நிலம் இது. நன்னீரில் விளையும் நெல்லும் உவர்நீரில் விளையும் உப்பும் ஒன்றையொன்று நெருங்கும் இத்தகைய எல்லைநிலங்களில்தான் உவர் தாங்கும் பயிர்கள் உருவாகின்றன. அந்நிலங்கள் இன்று குடியிருப்புகளாகவும் வணிக வளாகங்களாகவும் மாறிவருகின்றன. இம்மாற்றத்தைப் பயிர் மரபியல் நோக்கில் எவ்வாறு மதிப்பிடுவது என்பதே இக்கட்டுரையின் வினா.

உவரும் களரும்

பேச்சு வழக்கில் உவர், களர் ஆகிய சொற்கள் ஒருபொருளில் ஆளப்படுவதுண்டு. திருக்குறளில் களர்நிலம் கல்லாதவர்க்கு உவமையாகிறது. பயன் தராமை என்னும் பொதுப்பண்பே அங்கு உவமைக்கு அடிப்படை. மண்ணியலோ இவ்விரண்டையும் வேறுபடுத்துகிறது. கரையும் உப்புகள் மிகுந்து, மின்கடத்துதிறன் மீட்டருக்கு 4 டெசிசீமென்சுக்கு மேற்பட்டது உவர்நிலம். பரிமாற்றச் சோடியம் 15 விழுக்காட்டைக் கடந்து, கார அமிலநிலை 8.5க்கு மேல் உயர்ந்தது களர்நிலம். கடலோர நிலங்களில் பெரும்பாலும் காணப்படுவது முதல்வகை. களர்நிலத்தைச் சீர்செய்ய ஜிப்சம் இடுவர். உவர்நிலத்தில் உப்பைக் கழுவி வெளியேற்ற நன்னீர் வேண்டும். கேளம்பாக்கம் போன்ற பகுதிகளில் வடகிழக்குப் பருவமழையே இப்பணியைச் செய்கிறது.

நெல் உவரை எளிதில் தாங்காத பயிர். மின்கடத்துதிறன் 3 டெசிசீமென்சைக் கடந்தபின் கூடும் ஒவ்வோர் அலகிற்கும் விளைச்சல் ஏறத்தாழ 12 விழுக்காடு குறைகிறது. இப்பாதிப்பு எல்லாப் பருவத்திலும் ஒரே அளவில் இருப்பதில்லை. முளைக்கும்போதும் தூர் கட்டும்போதும் பயிர் ஓரளவு தாங்குகிறது. நாற்றுப்பருவத்திலும் பூக்கும் பருவத்திலும் மிகவும் நலிகிறது. எனவே 'உவர் தாங்குதல்' என்பது ஒரு தனிப்பண்பு அன்று. பருவந்தோறும் வேறுபட்ட மரபணுக்களால் ஆளப்படும் பண்புகளின் தொகுதி.

திரூரிலிருந்து ஒரு மரபுவழி

மரபியல் பன்மை இனவிருத்தியில் எவ்வாறு பயன்படுகிறது என்பதற்குப் பழைய செங்கற்பட்டு மாவட்டமே சிறந்த சான்றைத் தருகிறது. 1912இல் கோயம்புத்தூரில் நெல் இனவிருத்தி நிலையம் தொடங்கப்பட்டது. அங்குக் கோணமணி என்னும் நாட்டு நெல்லில் இயற்கையாகத் தோன்றிய மாற்றுருவிலிருந்து ஜி.இ.பி. 24 தெரிவுசெய்யப்பட்டு 1921இல் வெளியிடப்பட்டது. அரசுப் பொருளாதாரத் தாவரவியலாளர் என்னும் பதவிப்பெயரின் ஆங்கில முதலெழுத்துகளே அதன் பெயராயின. அதன் சன்ன அரிசியும் சமையல் தரமும் பெரிதும் மதிக்கப்பட்டன.

இந்த ஜி.இ.பி. 24ஐக் கோ 18உடன் கலப்புச்செய்து, அன்று செங்கற்பட்டு மாவட்டத்திலும் இன்று திருவள்ளூர் மாவட்டத்திலும் அடங்கும் திரூர் நெல் ஆராய்ச்சி நிலையத்தில் டி.கே.எம். 6 உருவாக்கப்பட்டது. 1952இல் வெளியான அவ்விரகம் தண்டுத்துளைப்பானை எதிர்க்கும் திறனுக்காகப் பிலிப்பைன்சிலுள்ள பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிறுவனத்தின் கவனத்தைப் பெற்றது. 1969இல் வந்த ஐ.ஆர். 20இன் பெற்றோருள் ஒன்று டி.கே.எம். 6. ஆசிய நாடுகளில் பெருமளவில் பயிரிடப்பட்ட ஐ.ஆர். 36இன் மரபுவழியிலும் அது இடம்பெறுகிறது. பின்னர் ஐ.ஆர். 20 தமிழகம் திரும்பி, தாசல் என்னும் நெல்லுடன் கலந்து, 1982இல் கோ 43 ஆயிற்று. உவரையும் களரையும் ஓரளவு தாங்கும் இரகமாகத் தமிழக உழவர்கள் அறிந்தது இந்தக் கோ 43.

ஒரு நாட்டு நெல்லில் தோன்றிய தற்செயல் மாற்றம் மூன்று தலைமுறைக் கலப்புகளின் ஊடாக உவர்நில உழவரின் வயலை அடைந்துள்ளது. கோணமணியைப் பயிரிட்டோரோ அதிலிருந்து தெரிவுசெய்த ஆய்வாளரோ இப்பயனை எதிர்நோக்கியிருக்க இயலாது. எப்பண்பு எக்காலத்தில் தேவைப்படும் என்பதை முன்னறிய முடியாமையே மரபியல் பன்மையைக் காக்க வேண்டியதன் அடிப்படைக் காரணம். ஐ.ஆர். 36க்குப் புற்குட்டை நச்சுயிரி நோய் எதிர்ப்பைத் தேடியபோது ஆறாயிரத்திற்கும் மேற்பட்ட நெல் மாதிரிகள் சோதிக்கப்பட்டன. உத்தரப்பிரதேசத்தில் திரட்டப்பட்ட ஒரு காட்டு நெல் மாதிரியில் மட்டுமே அவ்வெதிர்ப்பு கிடைத்தது என்பது இங்கு ஒப்புநோக்கத்தக்கது.

பொக்காளியும் சால்டாலும்

உவர் தாங்கும் ஆய்வில் உலகெங்கும் முதன்மை பெற்ற மூலம் கேரளத்தின் பொக்காளி நெல். எர்ணாகுளம், ஆலப்புழை, திருச்சூர் மாவட்டங்களின் கழிமுக வயல்களில் தென்மேற்குப் பருவமழை உப்பைக் கழுவியபின் நெல்லும், அறுவடைக்குப்பின் உவர்நீரில் இறாலும் மாறிமாறி வளர்க்கப்படுகின்றன. பொக்காளியின் முதல் குரோமோசோமில் உவர் தாங்குதலுக்குரிய பகுதி ஒன்று கண்டறியப்பட்டு, 'சால்டால்' எனப் பெயரிடப்பட்டது. வங்கத்து நோனா போக்ரா நெல்லில் அதே பகுதியில் அமைந்த மரபணு ஒன்றின் செயலை 2005இல் ஆய்வாளர்கள் விளக்கினர். வேரிலிருந்து சாற்றுக்குழாய் வழியாக மேலேறும் சோடியத்தை அது இடையிலேயே மீட்டெடுக்கிறது; இலையை அடையும் சோடியம் குறைகிறது; பொட்டாசியம், சோடியம் ஆகியவற்றின் விகிதம் பயிருக்கு ஏற்றவாறு நிலைக்கிறது.

பொக்காளி உயர்ந்து வளர்ந்து எளிதில் சாயும், விளைச்சலும் குறைவு. ஆகவே அதனை நேரடியாகப் பரப்புவதற்கு மாறாக, வேண்டிய மரபணுப்பகுதியை மட்டும் வழக்கிலுள்ள இரகத்திற்குக் கொண்டுசெல்வர். முதற்கலப்பில் கிடைத்த பயிரை வழக்கிலுள்ள இரகத்துடனேயே மீண்டும் கலந்தால் அவ்விரகத்தின் மரபுப்பங்கு சராசரியாக 75 விழுக்காடாகும். அடுத்த பிற்கலப்பில் 87.5 விழுக்காடாகும், மூன்றாவதில் 93.75 விழுக்காட்டை எட்டும். ஒவ்வொரு தலைமுறையிலும் நாற்றுப்பருவத்திலேயே இலைத்துணுக்கிலிருந்து டி.என்.ஏ. எடுத்து, மூலக்கூற்றுக் குறியீடுகளால் சால்டால் உள்ள நாற்றுகள் மட்டும் தெரிவுசெய்யப்படுகின்றன. இதனால் உவர்வயலில் வளர்த்துப் பார்த்துத் தெரிவுசெய்யும் காலம் பெரிதும் குறைகிறது.

இம்முறைக்கு வரம்பும் உண்டு. சால்டால் பெரும்பாலும் நாற்றுப்பருவத்தையே காக்கிறது. பூக்கும் பருவத்தில் உப்பு மிகுந்தால் மகரந்தம் மலடாகிப் பதர் பெருகும். அதற்குரிய மரபணுக்களைப் பிற நெல் மூலங்களிலேயே தேட வேண்டும். தமிழகத்தின் களர்பாலை, குழியடிச்சான் போன்ற மரபு நெல்கள் அத்தேடலில் முதலில் நோக்கத்தக்கவை. 2004 ஆழிப்பேரலையின்போது நாகப்பட்டினக் கடற்கரை வயல்களில் கடல்நீர் புகுந்தபின், இத்தகைய நெல்களின் தேவை நடைமுறையிலேயே உணரப்பட்டது.

நெல்லினத்துக்கு வெளியேயும் தேடல் நிகழ்கிறது. தரமணியில் 1988இல் நிறுவப்பட்ட எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தில் வெண்கண்டல் மரத்தின் உவர் தாங்கும் மரபணுக்கள் பிரித்தெடுக்கப்பட்டு, நெல்லில் செலுத்திச் சோதிக்கப்பட்டன.

விதைவங்கியும் விளைநிலமும்

நெல் மாதிரிகள் இன்று பல நிலைகளில் காக்கப்படுகின்றன. கோயம்புத்தூரில் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் இராமையா மரபணு வங்கி, புதுதில்லியில் தேசியத் தாவர மரபணு வள மையம், பிலிப்பைன்சில் 1,30,000க்கும் மேற்பட்ட மாதிரிகளைக் கொண்ட பன்னாட்டு வங்கி ஆகியன இவற்றுள் குறிப்பிடத்தக்கவை. 3,000க்கும் மேற்பட்ட நெல் மாதிரிகளின் முழு மரபணுத்தொகை ஒப்பாய்வு 2018இல் வெளியிடப்பட்டது. அங்ஙனமாயின் கேளம்பாக்கத்து உவர்நிலம் மறைவதால் இழப்பு என்ன என்னும் வினா எழலாம்.

மரபு நெல் என்பது ஒரே மரபமைப்பு உடைய தூய வரிசை அன்று. சிறுசிறு வேறுபாடுகள் கொண்ட பயிர்களின் கூட்டம். ஆண்டுதோறும் உப்பும் வறட்சியும் வெள்ளமும் அக்கூட்டத்திலிருந்து சிலவற்றை நீக்கிச் சிலவற்றை நிலைபெறச் செய்கின்றன. உழவர் விதைக்கெனக் கதிர் தெரிவதும் அதனுடன் சேர்ந்து இயங்குகிறது. விதைவங்கி இக்கூட்டத்தின் சிறுபகுதியை, சேகரித்த நாளின் நிலையிலேயே குளிரில் நிறுத்திவைக்கிறது. கடல்மட்ட உயர்வாலும் நிலத்தடி நீர் மிகையாக எடுக்கப்படுவதாலும் உவர் முன்னேறிவரும் காலத்தில், அம்மாற்றத்துடன் சேர்ந்து தானும் மாறும் பயிர்க்கூட்டம் வயலில் மட்டுமே இருக்க முடியும். வங்கியிலுள்ள விதையைச் சோதிப்பதற்கும் இயற்கையான உவர்வயலே வேண்டும்.

முடிவுரை

2001ஆம் ஆண்டின் பயிர் இரகங்கள் மற்றும் உழவர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம், மரபு இரகங்களைக் காக்கும் உழவர்க்கு உரிமையும் ஏற்பும் அளிக்கிறது. ஆயினும் பயிர் விளைந்த நிலத்தின் பயன்பாடு மாறும்போது அதனைத் தடுக்கும் ஆற்றல் அச்சட்டத்திற்கு இல்லை. நகர்ப்புற நிலத்திட்டங்களில் கழிமுகமும் சதுப்பும் வெள்ளவடிகாலாகவே நோக்கப்படுகின்றன. பயிர் மரபியல் வளத்தின் இருப்பிடமாக அவை கணக்கில் கொள்ளப்படுவது அரிது. எஞ்சியுள்ள உவர்வயல்களில் சிலவற்றையேனும் உழவர் பங்கேற்புடன் கூடிய சோதனைத்திடல்களாக ஒதுக்குவது இந்நிலையில் உடனடித் தேவை.

தமிழாய்வுக்கும் இதில் பங்குண்டு. பள்ளு நூல்கள் நெல்வகைகளைப் பட்டியலிடுகின்றன. ஊர் முதியோரின் நினைவில் மேலும் பல பெயர்கள் உள்ளன. அப்பெயர்களைத் தொகுத்து, அவை குறிக்கும் விதை எந்த வங்கியில் உள்ளது, எந்த மண்ணில் விளைந்தது என இணைத்துக் காட்டும் ஆய்வு, தமிழியலும் பயிர் மரபியலும் இணைந்து செய்தற்குரியது. உவர்நிலத்தை அறிந்த உழவர் இருக்கும்போதே அது தொடங்கப்பட வேண்டும். அவர்க்குப்பின் பெயர்கள் ஏட்டிலும் விதைகள் குளிர்அறையிலும் இருப்பினும், இரண்டையும் இணைக்கும் அறிவு கிடைக்காது.