கணக்கு எண் மாறிவிட்டதாம்!

"எங்கள் நிறுவனத்தின் வங்கிக் கணக்கு எண் மாறியுள்ளது. இனி கீழ்க்காணும் புதிய கணக்கில் பணத்தைச் செலுத்தவும்."

சிறுதொழில் செய்யும் நம்மவர்களுக்கு வரும் மின்னஞ்சல்களில் ஆக ஆபத்தான இரண்டு வரிகள் இவைதாம். கணினியைப் பூட்டிவைத்துப் பிணைப்பணம் கேட்கும் கும்பல்களைப் பற்றித்தான் செய்திகளில் அதிகம் படிக்கிறோம். ஆனால் அமெரிக்காவின் எஃப்பிஐ 2023ஆம் ஆண்டுக்கு வெளியிட்ட இணையக் குற்றக் கணக்கு வேறு கதை சொல்கிறது. பிணைப்பணத் தாக்குதல்களில் புகார் செய்யப்பட்ட இழப்பு ஏறக்குறைய 60 மில்லியன் டாலர். வணிக மின்னஞ்சலை வைத்து நடந்த ஏமாற்று வேலையிலோ 2.9 பில்லியன் டாலர்! புகார்கள் மட்டும் 21,489. கணினியை உடைக்காமல், ஒரு கடிதத்தை மட்டும் அனுப்பியே பறித்த பணம் இது.

கேமரன் மலையில் சின்னக் கடைகளுக்கும் தங்கும் வீடுகளுக்கும் கணக்கு எழுதிக் கொடுப்பதும், அவர்களின் கணினிகளைப் பார்த்துக்கொள்வதும் என் தொழில். ரிங்லெட் தொடங்கி தானா ராத்தா, பிரிஞ்சாங், கம்போங் ராஜா வரை எனக்கு வாடிக்கையாளர்கள் உண்டு. 1929இல் ஜே.ஏ. ரசல் தொடங்கிய போ தோட்டத்தைப் போன்ற பெரிய நிறுவனங்கள் தங்களைத் தாங்களே பார்த்துக்கொள்ளும். நான் போவது அந்தத் தோட்டங்களைச் சுற்றி நடக்கும் சின்னத் தொழில்களுக்கு. தேயிலைப் பொட்டலம், ஸ்ட்ராபெரி, தேன், காய்கறி லாரி, சுற்றுலா வேன், நான்கு அறை வைத்த ஹோம்ஸ்டே. நடத்துபவர்களில் பலர் லயத்து வீடுகளில் பிறந்து வளர்ந்தவர்களின் பிள்ளைகள். முதலாளியும் அவரே, கிராணியும் அவரே, மழையில் லாரிக்குச் சரக்கு ஏற்றுபவரும் அவரே. மின்னஞ்சலைப் பார்க்கும் நேரம் இரவு பத்து மணிக்கு மேல், பாதிக் கண் மூடிய பிறகு. திருடனுக்கு அதைவிடத் தோதான நேரம் கிடையாது.

அப்படி ஒருவர். தேயிலையை மொத்தமாக வாங்கி, அழகான அட்டைப் பெட்டிகளில் அடைத்துச் சுற்றுப்பயணிகளுக்கு விற்பவர். பெட்டிகளைக் கீழே ஈப்போ பக்கம் உள்ள ஓர் அச்சகத்தில் அடித்து வாங்குவார். ஆறு ஆண்டுப் பழக்கம். ஒரு தீபாவளிப் பருவத்துக்கு முன், அச்சகத்திலிருந்து வந்த மின்னஞ்சலில் நான் மேலே எழுதிய இரண்டு வரிகள் இருந்தன. அதே நிறுவன முத்திரை, அதே கையெழுத்து. முந்தைய வாரம் இருவரும் பெட்டியின் நிறத்தைப் பற்றி எழுதிக்கொண்ட கடிதங்கள்கூட அதன் அடியில் வரிசையாக இருந்தன. 14,600 வெள்ளியைப் போட்டுவிட்டார். நான்கு நாள் கழித்து அச்சகத்துக்காரர் கூப்பிட்டார்.

"அண்ணே, பணம் இன்னும் வரலியே?"

"போட்டுட்டேனே தம்பி, நீங்க சொன்ன புதுக் கணக்குலதான்."

"புதுக் கணக்கா? எந்தப் புதுக் கணக்கு?"

நடந்தது இதுதான். அச்சகத்தின் மின்னஞ்சல் கடவுச்சொல் எப்போதோ திருடு போயிருக்கிறது. உள்ளே நுழைந்தவன் எதையும் தொடவில்லை. வரும் கடிதங்களின் நகல் ஒவ்வொன்றும் தன் முகவரிக்கும் வந்து சேரும்படி அமைப்பில் ஒரே ஒரு மாற்றம் செய்துவிட்டு, வாரக்கணக்கில் படித்துக்கொண்டே காத்திருந்தான். யார் யாருக்கு எவ்வளவு தர வேண்டும், எப்போது தருவார்கள் என்பதெல்லாம் அவனுக்குத் தெரியும். பணம் கைமாறும் நேரம் வந்ததும், அச்சகத்தின் முகவரியைப் போலவே ஒரு முகவரியை உருவாக்கி எழுதினான். ஆங்கில எழுத்துகளில் 'ஆர்', 'என்' இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதினால் 'எம்' போலவே தெரியும். கைப்பேசியின் சின்னத் திரையில் அதைக் கண்டுபிடிக்க யாராலும் முடியாது. பல நேரங்களில் முகவரியே தெரியாது, பெயர் மட்டும்தான் தெரியும்.

இது படிப்பறிவு இல்லாதவர்கள் விழும் குழி என்று நினைத்துவிட வேண்டாம். லித்துவேனியாவைச் சேர்ந்த எவால்டாஸ் ரிமாசௌஸ்காஸ் என்பவர், தைவானின் குவாண்டா நிறுவனத்தின் பெயரில் போலி விலைப்பட்டியல்களை அனுப்பி, 2013 முதல் 2015 வரை கூகளிடமிருந்தும் ஃபேஸ்புக்கிடமிருந்தும் 120 மில்லியன் டாலருக்கும் மேல் கறந்தார். 2019இல் அவருக்கு ஐந்தாண்டுச் சிறை. உலகத்தின் மின்னஞ்சலையே நடத்துகிறவர்கள் ஏமாந்திருக்கும்போது, பிரிஞ்சாங் பெட்டிக்கடைக்காரரை நான் எப்படிக் குறை சொல்வேன்?

இதற்கு மருந்து எந்த மென்பொருளிலும் இல்லை. கணக்கு எண் மாறியதாகக் கடிதம் வந்தால், தொலைபேசியை எடுத்து அவரைக் கூப்பிட்டுக் கேட்க வேண்டும். கடிதத்தில் உள்ள எண்ணுக்கு அல்ல. உங்கள் கைப்பேசியில் முன்பே சேமித்து வைத்திருக்கும் எண்ணுக்கு. குரலைக் கேட்ட பிறகுதான் பணம். இவ்வளவுதான் விஷயம்.

இவ்வளவு எளிய வேலையை ஏன் செய்வதில்லை? நான் பார்த்தவரை, தெரியாததால் அல்ல. முகத்தாட்சண்யம்! "இத்தனை வருஷமா பழகுறவர்கிட்ட சந்தேகப்பட்டுக் கேக்குறதா? என்ன நினைப்பாரு?" என்று பலர் என்னிடமே கேட்டிருக்கிறார்கள். அவரைச் சந்தேகப்படவில்லை, அவர் பெயரில் வந்த கடிதத்தைத்தான் சந்தேகப்படுகிறோம் என்று அவர்களுக்குச் சொல்வேன். தோட்டத்தில் கொழுந்து நிறுக்கும்போது கிராணி எழுதும் எடையைப் பறித்தவரும் எட்டிப் பார்த்துக்கொள்வார். அதற்காகக் கிராணி கோபித்துக்கொண்டதில்லை. என் வாடிக்கையாளர்கள் சிலர் இப்போது தங்கள் விலைப்பட்டியலின் அடியிலேயே அச்சடித்து வைத்திருக்கிறார்கள்: "எங்கள் கணக்கு எண்ணை மின்னஞ்சல் வழியாகவோ வாட்சாப் வழியாகவோ மாற்ற மாட்டோம். ஐயமிருந்தால் அழைக்கவும்." கேட்கிறவருக்கு இருக்கும் கூச்சம் இந்த ஒரு வரியில் போய்விடுகிறது.

இன்னும் இரண்டு சல்லடைகள் உண்டு. உடனடிப் பணப் பரிமாற்றத்தில், கடைசி பொத்தானை அழுத்துமுன் பணம் பெறுபவரின் பெயர் திரையில் வரும். நிறுவனத்துக்குப் போக வேண்டிய பணத்துக்கு முன்பின் தெரியாத தனிநபர் பெயர் வந்தால், அங்கேயே கையை எடுத்துவிடுங்கள். அடுத்தது, காவல் துறையின் 'செமாக் மியூல்' இணையத்தளம். கணக்கு எண்ணையோ தொலைபேசி எண்ணையோ அதில் தட்டினால், அதன்மீது புகார் இருக்கிறதா என்று காட்டும். ஆனால் புகார் இல்லை என்று வந்தால் நல்ல கணக்கு என்று பொருளல்ல. நேற்று திறந்த கழுதைக் கணக்கின்மீது இன்றைக்கு யார் புகார் கொடுத்திருப்பார்கள்?

சரி, அச்சகத்தின் பக்கத்துக்கு வருவோம். நாளை அந்த இடத்தில் உங்கள் மின்னஞ்சல் இருக்கலாம். வங்கி, வருமான வரி, முன்பதிவுத் தளம், முகநூல் பக்கம் எதன் கடவுச்சொல்லை மறந்தாலும், மாற்றும் இணைப்பு வருவது மின்னஞ்சலுக்குத்தான். ஆக, அது வீட்டுச் சாவிக்கொத்து. அந்தச் சாவிக்கொத்துக்குப் பல கடைகளில் பூட்டு என்ன தெரியுமா? கடைப் பெயரும் 123-உம். அதே சொல் முகநூலுக்கும், அதே சொல் வைஃபைக்கும். ஏதோ ஓர் இணையக் கடையிலிருந்து அந்தச் சொல் கசிந்தால் போதும், திருடன் அதை உங்கள் மின்னஞ்சலிலும் போட்டுப் பார்ப்பான்.

பெரிய எழுத்து, சின்ன எழுத்து, எண், குறியீடு எல்லாம் கலந்து, மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்று என்று நமக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். அமெரிக்கத் தரநிலை நிறுவனத்துக்காக 2003இல் அந்த அறிவுரையை எழுதிய பில் பர், 2017இல் அதற்காக வருந்துவதாகச் சொல்லிவிட்டார். மனிதர்கள் கடைசியில் உள்ள 1ஐ 2 ஆக்கிவிட்டுப் போய்விடுகிறார்கள். தொடர்பில்லாத நான்கு சொற்களைக் கோத்து நீளமாக ஒன்று வைத்துக்கொள்ளுங்கள், மின்னஞ்சலுக்கென்று தனியாக. நினைவில் நிற்காதென்றால் நோட்டுப் புத்தகத்தில் எழுதி மேசை டிராயரில் பூட்டி வையுங்கள். கணினி நிபுணர்கள் சிலர் இதற்கு முகம் சுளிப்பார்கள். எங்கோ ஒரு நாட்டில் உட்கார்ந்திருக்கும் திருடனுக்கு தானா ராத்தாவில் உள்ள டிராயர் எட்டாது என்பது என் கட்சி. திரையின் ஓரத்தில் மஞ்சள் தாளில் ஒட்டி வைப்பதுதான் கூடாது.

அதோடு இரட்டைச் சரிபார்ப்பை இன்றே முடுக்கிவிடுங்கள். கடவுச்சொல் திருடு போனாலும், உங்கள் கைப்பேசியில் நீங்கள் ஒப்புதல் தராமல் உள்ளே வர முடியாது. ஐந்து நிமிட வேலை, காசு செலவில்லை. கணக்கில் யாரோ புகுந்திருக்கிறார்கள் என்று தெரிந்தால் கடவுச்சொல்லை மாற்றுவதோடு நின்றுவிடாதீர்கள். கடிதங்களை வேறு முகவரிக்கு அனுப்பும் அமைப்பு ஏதும் இருக்கிறதா என்று பார்த்து நீக்குங்கள். கடவுச்சொல்லை மாற்றினாலும் அது அப்படியே வேலை செய்துகொண்டிருக்கும். அச்சகத்தில் முதல் தடவை இதைக் கவனிக்கவில்லை. மற்ற எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேறும் வசதியையும் பயன்படுத்துங்கள். வேலையை விட்டுப் போன பிள்ளைக்குத் தெரிந்த கடவுச்சொற்களையும் அன்றைக்கே மாற்றிவிடுவது நல்லது. அவர் நல்லவராகவே இருக்கலாம், அவருடைய பழைய கைப்பேசி யார் கையில் இருக்கிறதோ!

கைப்பேசி என்றதும் இன்னொன்று. குறுஞ்செய்தியில் வரும் ஒருமுறைக் கடவுஎண் போதாது, அதைக் கைவிட்டு வலுவான முறைக்கு மாறுங்கள் என்று பேங்க் நெகாரா 2022 செப்டம்பரில் வங்கிகளுக்குச் சொன்னது. இப்போது பல வங்கிகளில் ஒப்புதல் கொடுப்பது கைப்பேசிச் செயலியில்தான். நல்ல மாற்றம். ஆனால் கல்லாப்பெட்டியே சட்டைப் பைக்கு வந்துவிட்டது. அதனால்தான் வாட்சாப்பில் 'ஏபிகே' கோப்பாகத் திருமண அழைப்பிதழ் வருகிறது. நம்மவர்களுக்குக் கல்யாணப் பத்திரிகை என்றால் யார் வீட்டு விசேஷமோ என்று திறந்து பார்க்காமல் கை நிற்காது. அது அழைப்பிதழ் அல்ல, உங்கள் கைப்பேசியில் குடியேற வரும் செயலி. அழைப்பிதழ் படமாகவோ பிடிஎஃப் ஆகவோ வரட்டும். செயலியை அதிகாரப்பூர்வக் கடையைத் தவிர வேறெங்கிருந்தும் இறக்காதீர்கள். வாட்சாப்பின் ஆறு இலக்க எண்ணைக் கேட்பவர் உங்கள் சொந்தத் தங்கச்சி பெயரில் கேட்டாலும் கொடுக்காதீர்கள்.

மின்னியல் விலைப்பட்டியல் முறை 2024 ஆகஸ்டு 1இல் பெரிய நிறுவனங்களுக்குத் தொடங்கிப் படிப்படியாகக் கீழே இறங்கிவந்தது. வரி வாரியத்தின் பெயரைப் பார்த்தாலே பதறிப்போய் இணைப்பை அழுத்துகிறவர்கள் உண்டு. கடிதத்தில் உள்ள இணைப்பைத் தொடாமல், வாரியத்தின் தளத்துக்கு நீங்களே முகவரியைத் தட்டிப் போய்ப் பாருங்கள். அவசரப்படுத்தும் எந்தக் கடிதத்துக்கும் இதே வழிதான்.

கடையில் உள்ள கணினியைப் பற்றி ஒன்றிரண்டு சொல்லியாக வேண்டும். விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14உடன் முடிந்துவிட்டது. கல்லாவுக்குப் பக்கத்தில் அது இன்னும் ஓடிக்கொண்டிருந்தால், மேம்படுத்த முடியுமா என்று பாருங்கள். முடியாவிட்டால் வங்கி வேலைக்கு அதைத் தொடாதீர்கள். "அப்டேட் பண்ணா கம்ப்யூட்டர் லேட்டாகுது" என்று தள்ளிப்போடுவதன் விலையை 2017 மே மாதம் உலகமே பார்த்தது. வன்னகிரை நச்சுநிரல் சுமார் 150 நாடுகளில் கணினிகளைப் பூட்டியது. அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் மருந்தை மைக்ரோசாப்ட் இரண்டு மாதம் முன்பே, மார்ச்சில் கொடுத்திருந்தது.

கணக்குகளின் நகல் ஒன்று வெளி வட்டில் இருக்கட்டும். நகல் எடுத்ததும் கம்பியைக் கழற்றிவிடுங்கள், மாட்டியே இருந்தால் கணினியோடு சேர்ந்து அதுவும் பூட்டிக்கொள்ளும். மலையில் இடியும் மின்வெட்டும் நமக்குப் புதிதல்ல. திருடன் வராவிட்டாலும் அந்த நகல் ஒருநாள் உதவும். ஹோம்ஸ்டே நடத்துகிறவர்கள் விருந்தினரின் அடையாள அட்டைப் படங்களை வாட்சாப்பில் ஆண்டுக்கணக்கில் வைத்திருக்கிறீர்கள். 2010ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தேவை முடிந்த தகவலை வைத்திருக்கக் கூடாது என்கிறது. கைப்பேசி தொலைந்தால் போவது உங்கள் பணம் மட்டுமல்ல, அவர்களின் அடையாளமும்தான்.

இத்தனைக்கும் பிறகு பணம் போய்விட்டால், அழுவதற்கு முன் 997. காவல் துறை, பேங்க் நெகாரா, தொடர்பு பல்லூடக ஆணையம் எல்லாம் சேர்ந்து நடத்தும் தேசிய மோசடி எதிர்வினை மையத்தின் எண் அது, 2022 அக்டோபரிலிருந்து இயங்குகிறது. உங்கள் வங்கியின் அவசர எண்ணையும் அழையுங்கள். பணம் கணக்கு விட்டுக் கணக்கு தாவிக்கொண்டே இருக்கும். ஏதாவது ஒரு கணக்கில் அது நிற்கும்போதே முடக்கினால்தான் உண்டு. 'வீட்டுக்காரிக்குத் தெரிந்தால் என்னாகும்' என்று ஒரு ராத்திரி யோசித்தால், காலையில் முடக்குவதற்கு எதுவும் இருக்காது. பிறகு காவல் நிலையத்தில் புகார். அந்த மின்னஞ்சலைக் கோபத்தில் அழித்துவிடாதீர்கள். பணம் போட்ட ரசீது, கணக்கு எண், நேரம், வந்த கடிதம் எல்லாவற்றையும் ஒரு கோப்பில் போட்டுக் கையில் எடுத்துப் போங்கள்.