விலகினாரா, விலக்கப்பட்டாரா? தேர்தல் மேடையில் பழைய பேச்சும் புதிய நிலைப்பாடும்

தேர்தல் காலம் வந்துவிட்டால் பிரிக்பீல்ட்ஸ் உணவகங்களிலும் கிள்ளான் தெங்கு கிளானா சாலைக் கடை வாசல்களிலும் ஒரே வகையான வாதம் நம் காதில் விழுகிறது. “அன்று இவர் என்ன பேசினார்? இன்று யாரோடு நிற்கிறார்?” என்று ஒருவர் தொடங்குவார். “உங்கள் தலைவர் மட்டும் என்ன செய்தார்?” என்று மற்றவர் முடிப்பார். இரண்டு கேள்விகளுக்கும் விடை கிடைப்பதில்லை. தேநீர் ஆறிவிடும், ஆளுக்கொரு பக்கம் கலைந்துவிடுவர்.

இவ்வாதம் இப்போது பள்ளிக்குள்ளும் நுழைந்துவிட்டது. வாக்களிக்கும் வயதை 21இலிருந்து 18ஆகக் குறைக்கும் அரசியலமைப்புத் திருத்தத்தை நாடாளுமன்றம் 2019 ஜூலையில் ஏற்றது. 2021 டிசம்பர் 15 முதல் அது நடைமுறைக்கு வந்தது. வாக்காளராகத் தானாகவே பதிவாகும் முறையும் உடன் வந்தது. ஆறாம் படிவத்தில் அமர்ந்திருக்கும் மாணவர் பலர் இன்று வாக்காளர்கள். ஆகவே, அரசியல்வாதியின் கடந்த காலத்தை எவ்வாறு எடைபோடுவது என்பதை மொழி கற்பிப்போரும் கற்போரும் சிந்தித்தாக வேண்டும். எந்தக் கட்சிக்கும் வழக்குரைப்பது நம் நோக்கமன்று. சொற்களைச் சரியாகப் பயன்படுத்தினால் தீர்ப்பும் ஓரளவு சரியாக அமையும் என்பதே நாம் சொல்ல வருவது.

1. நால்வகை மாற்றம்

நம் பேச்சு வழக்கில் எல்லா மாற்றமும் ‘தாவல்’ என்ற ஒரே சொல்லில் அடங்கிவிடுகிறது. மலாய்க்காரர் கட்சி மாறுவோரைத் தவளை என்பர்; தமிழர் பச்சோந்தி என்பர். இவை வசைச் சொற்கள். வசை நம் சினத்தைக் காட்டும். நடந்தது என்ன என்பதைக் காட்டாது. நடந்ததைக் காட்ட நான்கு மாற்றங்களையாவது நாம் பிரித்தறிய வேண்டும்.

முதலாவது, கட்சி மாற்றம்: ஒரு சின்னத்தில் வென்றவர் அதைவிட்டு வேறு கட்சிக்குப் போவது. 1994 பிப்ரவரியில் சபா மாநிலத் தேர்தலில் பிபிஎஸ் கட்சி 48 இடங்களில் 25ஐ வென்றது. சில வாரங்களுக்குள் அதன் உறுப்பினர்கள் விலகத் தொடங்க, ஆட்சி கவிழ்ந்தது.

இரண்டாவது, கூட்டணி மாற்றம்: ஒருவர் தம் கட்சியிலேயே இருப்பார், கட்சியே இடம் மாறும். மூன்றாவது, கருத்து மாற்றம்: ஒரு கொள்கையை எதிர்த்தவர் பின்னர் அதை ஆதரிப்பது. நான்காவது, நடத்தை மாற்றம்: எதிர்க்கட்சி வரிசையில் கண்டித்ததை ஆளும் வரிசைக்கு வந்தபின் தாமே செய்வது அல்லது செய்ய விடுவது.

நான்கும் ஒரே எடை உடையன அல்ல. கருத்து மாற்றம் கற்றலின் அடையாளமாகவும் இருக்கலாம். தமிழக வரலாற்றில் இதற்குத் தெளிவான சான்றுண்டு. 1938இல் சென்னை மாகாணப் பள்ளிகளில் இந்தியைக் கட்டாயமாக்கியவர் இராஜாஜி. பிற்காலத்தில் அவரே இந்தித் திணிப்பை எதிர்த்தார். 1967 தேர்தலில் அண்ணாவின் தி.மு.க.வோடு கூட்டணி கண்டார். முதுமையில் நேர்ந்த அம்மாற்றத்தால் அவர் பதவி எதையும் பெறவில்லை. அண்ணாவும் தனித் திராவிட நாட்டுக் கோரிக்கையை 1963இல் கைவிட்டார். சீனப் போரையும் பிரிவினைக்கு எதிரான சட்டத் திருத்தத்தையும் அடுத்து, மறைக்காமல் எடுத்த முடிவு அது. இவ்விருவரையும் தாவியவர்கள் என்ற ஒரு சொல்லால் முடித்துவிட்டால் வரலாற்றை நாம் படிக்கவில்லை என்றே பொருள்.

2. சட்டம் தொங்கும் வினைச்சொல்

கட்சி மாறுவோரின் பதவியைப் பறிக்கக் கிளந்தான் மாநிலம் ஒருமுறை சட்டம் இயற்றியது. கூட்டரசு அரசியலமைப்பின் 10ஆவது பிரிவு தரும் சங்கம் சேரும் உரிமைக்கு அது முரணானது என்று 1992இல் நோர்டின் சாலே வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதன்பின் முப்பது ஆண்டுகள் அக்கதவு மூடியே கிடந்தது.

கதவைத் திறக்க வைத்தவை பெட்டாலிங் ஜெயாவில் நடந்த நிகழ்ச்சிகள். 2020 பிப்ரவரி 23ஆம் நாள் அங்குள்ள ஷெரட்டன் தங்கும் விடுதியில் பல கட்சி உறுப்பினர்கள் கூடினர். மறுநாள் பிரதமர் மகாதீர் பதவி விலகினார். மார்ச் முதல் நாள் முகிதீன் யாசின் பிரதமராகப் பதவியேற்றார். 2018இல் மக்கள் அமைத்த ஆட்சி, தேர்தல் ஏதுமின்றி மாறியது.

இதன் விளைவாகவே 2022 ஜூலை 28ஆம் நாள் கட்சித் தாவல் தடைச் சட்டம் மக்களவையில் 209 உறுப்பினர்களின் ஆதரவோடு நிறைவேறியது. அக்டோபர் 5 முதல் நடைமுறைக்கு வந்தது. அச்சட்டம் சேர்த்த 49அ பிரிவின்படி, கட்சியிலிருந்து தாமாக விலகும் நாடாளுமன்ற உறுப்பினர் தம் இடத்தை இழப்பார். கட்சியே அவரை நீக்கினால் இழக்கமாட்டார்.

மொழி ஆசிரியர்கள் இங்கே சற்று நிற்க வேண்டும். ‘விலகினார்’ என்பது செய்வினை. ‘விலக்கப்பட்டார்’ என்பது செயப்பாட்டுவினை. இலக்கணப் பாடத்தில் இரண்டு மதிப்பெண் பெறும் இவ்வேறுபாட்டின்மேல் ஒரு தொகுதியின் பிரதிநிதித்துவமே தொங்குகிறது. முன்னதைச் சொன்னால் இடைத்தேர்தல் வரும். பின்னதைச் சொன்னால் அவர் இருக்கையில் தொடர்வார்.

சட்டத்தின் எல்லையும் இதிலிருந்தே விளங்கும். ஒரு கட்சி முழுவதுமாகக் கூட்டணி மாறுவதை அது தொடவில்லை. 2020இல் பெர்சத்து கட்சி கூட்டணியைவிட்டு வெளியேறியதை இச்சட்டம் அன்றே இருந்திருந்தாலும் தடுத்திராது. அதேபோல் 15ஆவது பொதுத்தேர்தலுக்குப் பின் பெர்சத்துவின் ஆறு நாடாளுமன்ற உறுப்பினர்கள் பிரதமர் அன்வாருக்கு ஆதரவு தெரிவித்தபோது, அவர்களுடைய இடங்கள் காலியாகவில்லை என்று 2024 ஜூலையில் மக்களவைத் தலைவர் முடிவு செய்தார். சட்டம் நிறுத்தும் இடத்துக்கு அப்பால் உள்ளவற்றை வாக்காளரே எடைபோட வேண்டியிருக்கிறது.

3. ஒரு சட்டம், பல முகங்கள்

உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தின் கதை நம் அரசியலின் நினைவேடு போன்றது. விசாரணையின்றிக் காவலில் வைக்க இடந்தந்த அச்சட்டம் 1960இல் வந்தது, 2012இல் நீக்கப்பட்டது. 1974இல் அதன்கீழ் சிறை சென்ற மாணவர் தலைவர் அன்வார் இப்ராகிம். 1987 அக்டோபரில் ஓப்பராசி லாலாங் நடவடிக்கையில் நூற்றுக்கும் மேற்பட்டோர் அதே சட்டத்தின்கீழ்ப் பிடிபட்டபோது, அவர் அமைச்சரவையில் கல்வியமைச்சர். 1998இல் பதவி நீக்கப்பட்டபின் மீண்டும் அதே சட்டத்தின்கீழ்க் கைதானார். இம்மூன்று ஆண்டுகளுள் ஒன்றை மட்டும் சொன்னால் மூன்று வெவ்வேறு மனிதர்கள் கிடைப்பார்கள். மேடைப் பேச்சாளர் தமக்கு வேண்டிய ஆண்டைத் தேர்ந்தெடுக்கிறார்.

1987இல் பிரதமராகவும் உள்துறை அமைச்சராகவும் இருந்தவர் மகாதீர். அன்று பிடிபட்டவர்களுள் ஒருவர் லிம் கிட் சியாங். 2018 மே 9ஆம் நாள் இருவரும் ஒரே கூட்டணியின் மேடையில் இருந்தனர். இது கொள்கைத் துறவு என்றனர் சிலர். காலத்தின் தேவை என்றனர் வேறு சிலர். எனினும் ஓர் உண்மையை இருசாராரும் மறுக்க இயலாது: இச்சேர்க்கை தேர்தலுக்கு முன்பே வெளிப்படையாக நடந்தது. மக்கள் அதை அறிந்தே வாக்களித்தனர். 2020 மாற்றமோ வாக்களித்த பின் நிகழ்ந்தது. 2022 நவம்பரில், எக்கூட்டணிக்கும் 222 இடங்களில் பெரும்பான்மை கிட்டாத நிலையில், அன்வாரையும் ஜ.செ.க.வையும் ஏற்கமாட்டோம் என்று முழங்கிவந்த அம்னோ அவர்களோடு ஒற்றுமை அரசில் அமர்ந்ததும் வாக்களித்த பின்னரே. தொங்கு நாடாளுமன்றம் என்ற நெருக்கடி அதற்குக் காரணமாகச் சொல்லப்பட்டது. காலமும் சூழலும் சேர்த்துச் சொல்லப்படாத குற்றச்சாட்டு பாதி வாக்கியமே.

4. நம் வீட்டுக் கதை

பிறர் கதையை எடைபோடுவது எளிது. 2007 நவம்பர் 25ஆம் நாள் கோலாலம்பூரில் இண்ட்ராஃப் பேரணி நடந்தது. டிசம்பரில் அதன் தலைவர்கள் ஐவர் விசாரணையின்றிக் காவலில் வைக்கப்பட்டனர். அவர்களுள் ஒருவரான மனோகரனைக் கமுந்திங் முகாமில் இருந்தபோதே 2008 மார்ச்சில் கிள்ளானின் கோத்தா ஆலம் ஷா தொகுதி மக்கள் சட்டமன்ற உறுப்பினராகத் தேர்ந்தெடுத்தனர்.

ஐந்தாண்டுகளுக்குப்பின், 2013 ஏப்ரலில், இண்ட்ராஃப் தலைவர் வேதமூர்த்தி தாம் எதிர்த்த தேசிய முன்னணியோடு உடன்படிக்கை செய்தார். தேர்தலுக்குப்பின் துணையமைச்சரானார். உடன்படிக்கை நிறைவேறவில்லை என்று கூறி 2014 பிப்ரவரியில் விலகினார். 2018இல் பக்காத்தான் ஹராப்பான் ஆட்சியில் அமைச்சரானார். சமுதாயத்துக்காகச் சென்றார் என்போரும், தம்மை விற்றார் என்போரும் கிள்ளான் பள்ளத்தாக்கில் ஒரே குடும்பத்திலேயே உண்டு. இங்கே கேட்கத்தக்க கேள்வி அவரது மனத்தைப் பற்றியதன்று. மனத்தை யாரும் படிக்க இயலாது. உடன்படிக்கையில் என்ன எழுதப்பட்டது, அதில் எவ்வளவு நடந்தது, நடக்காதபோது அவர் என்ன செய்தார் என்பவற்றை நம்மால் படிக்க இயலும்.

நடத்தை மாற்றத்துக்கும் நம் அருகிலேயே சான்றுண்டு. 2012இல் வந்த சொஸ்மா சட்டத்தை எதிர்க்கட்சி வரிசையில் இருந்தோர் பலர் கடுமையாகச் சாடினர். அவர்கள் ஆட்சியிலிருந்த 2019 அக்டோபரில், விடுதலைப் புலிகளோடு தொடர்பு என்ற பேரில் 12 பேர் அதே சட்டத்தின்கீழ்க் கைதாயினர். 2020 பிப்ரவரியில் குற்றச்சாட்டுகள் கைவிடப்பட்டன. இடைப்பட்ட மாதங்களைச் சிறையில் கழித்தவர்க்கு, ‘அன்று என்ன சொன்னீர்கள்?’ என்ற கேள்வி வெறும் மேடைக் கேள்வியன்று.

5. வகுப்பறைக்கு

பட்டிமன்றத்துக்கும் விவாத வகுப்புக்கும் ஐந்து கேள்விகளை நாம் முன்வைக்கிறோம்.

மாறியது எது: கட்சியா, கூட்டணியா, கருத்தா, நடத்தையா?
மாறியது எப்போது: மக்கள் வாக்களிக்கும் முன்னரா, பின்னரா?
காரணத்தை அவரே வெளிப்படையாகச் சொன்னாரா?
அதனால் அவர் பெற்றது என்ன, இழந்தது என்ன?
இதே அளவுகோலை நமக்குப் பிடித்தவர்க்கும் வைக்கிறோமா?

ஐந்தாவதே கடினமானது. நாம் விரும்பும் தலைவர் மாறினால் ‘பக்குவப்பட்டார்’ என்கிறோம்; விரும்பாதவர் மாறினால் ‘பல்டி அடித்தார்’ என்கிறோம். மாணவர் ஒரே செய்தியை இருவேறு நாளிதழ்களில் எடுத்து, பெயர்களை மறைத்துவிட்டு, வினைச்சொற்களை மட்டும் அடிக்கோடிட்டுப் பார்க்கட்டும். எழுதியவரின் சார்பு அவ்வினைச்சொற்களிலேயே தெரியும். நம் சார்பும் நம் வினைச்சொற்களில் அவ்வாறே பிறர்க்குத் தெரிகிறது. ஆசிரியரும் மாணவரோடு அமர்ந்து தம் வாக்கியங்களை இவ்வாறு சோதித்துக்கொள்வது நன்று.

பழைய பேச்சை நினைவூட்டுவது தவறன்று. நினைவு இல்லாத வாக்காளரை ஏமாற்றுவது எளிது. ஆனால், இன்றைய கேள்விக்கு விடை சொல்லாமல் தப்பிக்க நேற்றைய பேச்சைக் கேடயமாக்குவதை நாம் அனுமதிக்கலாகாது. பள்ளிக்கு நிதி எங்கே என்று கேட்டால் இருபதாண்டுக்கு முன் மற்றவர் செய்ததைச் சொல்வது விடையாகாது.

தமிழில் ‘வாக்கு’ என்பது ஒருவர் தரும் சொல்லையும் குறிக்கும். மக்கள் இடும் ஓட்டையும் குறிக்கும். அரசியல்வாதி தந்த வாக்கை நினைவில் வைத்திருப்பவரே தம் வாக்கை அறிந்து இடுகிறார். பதினெட்டு வயதில் அவ்வுரிமை நம் மாணவர் கைக்கு வருகிறது. சொற்களைப் பிரித்தறியும் பழக்கம் அதற்கு முன்பே வந்திருக்க வேண்டும்.