முட்டை மிதந்தால் போதுமா?

செஞ்சிக் கோட்டைக்கு வருகிறவர்கள் ராஜகிரி அடிவாரத்தில் இருக்கும் நெற்களஞ்சியத்தைப் பார்க்காமல் போவதில்லை. எங்க ஊரில் நெல்லுக்கு அப்பவும் மரியாதை, இப்பவும் மரியாதை. அறுவடை சமயத்தில் மார்க்கெட் கமிட்டி பக்கம் போனால் மூட்டை மூட்டையாக நெல்தான். அந்த மூட்டைகளுக்கெல்லாம் தொடக்கம் விதைநெல்லை அலசுகிற ஒரு வாளித் தண்ணீர். அதைப் பற்றித்தான் இந்தக் குறிப்பு.

விதைநெல்லைத் தண்ணீரில் கொட்டினால் பதர் மிதக்கும், மணி மூழ்கும். இது எல்லோருக்கும் தெரியும். ஏன்? தண்ணீருக்குள் போகிற எந்தப் பொருளும் தன் பருமன் அளவுக்குத் தண்ணீரை ஒதுக்குகிறது. ஒதுங்கிய தண்ணீரின் எடை எவ்வளவோ, அவ்வளவு விசையோடு தண்ணீர் அதை மேலே தள்ளுகிறது. பொருளின் எடை அதைவிடக் கூடுதல் என்றால் மூழ்கும், குறைவு என்றால் மிதக்கும். ஆர்க்கிமிடீஸ் சொன்னது இவ்வளவுதான். பதருக்குள் காற்றுதான், அதனால் மேலே வந்துவிடுகிறது.

சிக்கல் பதரில் இல்லை, கருக்காயில். பாதி பால் பிடித்து நின்றுபோன மணி அது. சாதாரணத் தண்ணீரில் நல்ல நெல்லோடு சேர்ந்து அதுவும் மூழ்கிவிடும். மூழ்கினதெல்லாம் நல்ல விதை என்று நம்பி விதைத்தால், அதிலிருந்து வருகிற நாத்து நோஞ்சானாக இருக்கும். உள்ளே இருக்கும் மாவுதானே முளைக்கு முதல் சாப்பாடு!

அதனால்தான் உப்பு. தண்ணீரில் உப்பு கரையக் கரைய அதன் அடர்த்தி கூடும், தள்ளுகிற விசையும் கூடும். கருக்காய் மேலே வந்துவிடும், முற்றிய மணி அடியிலேயே கிடக்கும். எவ்வளவு உப்பு போதும் என்று சொல்வதற்குத்தான் கோழிமுட்டை. ஒரு முட்டை 54 கிராம், பருமன் 50 மில்லிலிட்டர் என்று வைத்துக்கொள்வோம். சாதாரணத் தண்ணீரில் அது ஒதுக்குவது 50 கிராம்தான். 4 கிராம் பற்றாக்குறை, மூழ்கிவிடும். ஒரு மில்லிலிட்டர் 1.08 கிராம் எடை வரும்வரை உப்பைக் கரைத்தால் 50 மில்லிலிட்டருக்கு 54 கிராம், கணக்கு சரியாகிவிடும். இன்னும் கொஞ்சம் உப்பு சேர்த்தால் முட்டையின் மேல்பக்கம் பழைய நாலணா அளவுக்கு வெளியே தெரியும். அதுதான் பதம். பத்து லிட்டர் தண்ணீருக்குச் சுமாராக ஒன்றிலிருந்து ஒன்றரை கிலோ உப்பு பிடிக்கும்.

ஒரு சம்பாவுக்கு எங்க வீட்டில் நாலைந்து பிடி உப்பிலேயே முட்டை மேலே வந்துவிட்டது. "பாத்தியாடா, உப்பு மிச்சம்" என்றார் அப்பா. எனக்கும் சந்தோஷம்தான். நாற்றங்காலில் பயிர் திட்டுத்திட்டாகத்தான் வந்தது. கடைசியில் நாத்தை விலைக்கு வாங்கி நட்டோம். பக்கத்து நிலத்துப் பெரியவர் ஒரே கேள்விதான் கேட்டார்: "முட்டை என்னைக்கு வச்சதுப்பா?"

விஷயம் அதுதான். முட்டை ஓட்டில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் உண்டு. நாளாக நாளாக உள்ளே இருக்கும் ஈரம் ஆவியாகிப் போய், அந்த இடத்தில் காற்று சேரும். பருமன் அதே 50, எடை மட்டும் 51 ஆகிவிட்டால் 1.02லேயே அது மிதந்துவிடும். அந்த நீர்த்த உப்புத்தண்ணீரில் கருக்காய் எப்படி மேலே வரும்? தராசே தப்பு. மிதக்கிறதா மூழ்குகிறதா என்பது பொருளை மட்டும் பார்த்துச் சொல்லக்கூடிய விஷயம் இல்லை. எந்தத் தண்ணீரில் என்பதையும் சேர்த்தே கேட்க வேண்டும்.

இப்போது நாங்கள் செய்வது இது: முதலில் முட்டையை வெறும் தண்ணீரில் போடுவோம். அடியில் படுத்துக் கிடந்தால் புதுசு. எழுந்து நின்றால் பழசு, அது குழம்புக்குப் போகட்டும். நெல்லைக் கொட்டியதும் நன்றாகக் கலக்கிவிடுவோம், உமியில் ஒட்டிய காற்றுக்குமிழ் நல்ல மணியையும் தூக்கிவிடும். மிதப்பதை அள்ளிவிட்டு, அடியில் கிடப்பதை உடனே இரண்டு மூன்று தடவை நல்ல தண்ணீரில் அலசுவோம். உப்பு தங்கினால் முளைப்பு கெட்டுவிடும்.

அள்ளி எடுத்த கருக்காயைக் கோழிக்குப் போடுவார் அப்பா. அடுத்த வருஷத்து முட்டை அங்கிருந்துதான் வருகிறது.