ஜக்கெற்றில் ஏறிய மணம்

நாலு பருவத்து வீடு – 9

புரட்டாதி பிறந்து பத்து நாளாகிவிட்டால் எங்கள் வீட்டில் ஜக்கெற்றுகள் கீழே இறங்கிவிடும். காலையில் ஒன்பது பாகை, பின்னேரம் இருபது பாகை என்று ரொறன்ரோவின் வெயிலும் குளிரும் மாறி மாறி வருகிற கிழமைகள் இவை. போன வருசம் மகளின் விரல்களை மூடிக்கொண்டு தொங்கிய சிவப்பு ஜக்கெற்றின் கை, இந்த வருசம் மணிக்கட்டுக்கு மேலே இரண்டு விரற்கடை ஏறி நின்றது. இன்னும் ஒரு பருவம் தாங்கும் என்று மனதுக்குள் கணக்குப் போட்டபடி அதன் பையைக் கவிழ்த்தேன். ஓக் விதையின் தொப்பி ஒன்று, மேப்பிள் விதையின் சிறகு இரண்டு, பொடியாகிப்போன இலைத்தூள் ஒரு கை. போன வருசம் அவளுக்கு நாலு வயது. போன இலையுதிர் காலத்தைப் பைக்குள் வைத்துவிட்டு மறந்திருக்கிறாள்.

இந்த ஜக்கெற்றுகள் தொங்குகிற அலுமாரி வாசலுக்குப் பக்கத்தில் இருக்கிறது. அதைப் பற்றி எங்கள் வீட்டில் ஒரு சட்டம் உண்டு. அடுப்பில் தாளிதம் ஏறினால் அந்தக் கதவு சாத்தியிருக்க வேண்டும். சட்டத்தைப் போட்டவள் நான்.

பதினொரு வயதில் பருத்தித்துறையில் இருந்து இங்கே வந்தேன். முதல் குளிர்காலத்தில் ஒருநாள், வகுப்பில் என் பக்கத்தில் இருந்த பிள்ளை மூக்கைப் பொத்திக்கொண்டு தன் கதிரையைத் தள்ளிப் போட்டாள். ஒரு வார்த்தை பேசவில்லை. பின்னேரம் வீட்டுக்கு வந்து என் ஜக்கெற்றை முகர்ந்து பார்த்தேன். மீன்குழம்பும் தூளும் மணத்தன. அப்படியொரு மணம் என்னோடு நடமாடுகிறது என்பது அதுவரை எனக்குத் தெரியாது. அன்று சாத்திய கதவுதான். இருபத்தைந்து வருசமாகியும் கை தன்பாட்டில் அதைச் சாத்துகிறது.

ஓடையோரம்

கறிவேப்பிலைச் சாடியை வளவில் இருந்து வீட்டுக்குள் ஏற்றியதோடு போன கிழமைக் கதையை நிறுத்தியிருந்தேன். அதற்கு அடுத்த நாள், சனிக்கிழமை, மோர்னிங்சைட் பூங்காவுக்குப் போனோம். வீட்டில் இருந்து காரில் பத்து நிமிடம். நுழைவுக்காசு கிடையாது. ஸ்காபரோவை ஊடறுத்து ஒன்ராறியோ ஏரியில் விழுகிற ஹைலண்ட் கிறீக் என்ற ஓடை அந்தப் பூங்காவுக்குள்ளால் போகிறது. செப்டெம்பர் தொடக்கம் ஒக்ரோபர் நடுப்பகுதி வரை சால்மன் மீன்கள் முட்டையிடுவதற்காக ஏரியை விட்டு இந்த ஓடையில் மேலேறும்.

என் கணவர் இரவு வேலை முடித்து வந்து நாலு மணித்தியாலம்தான் நித்திரை கொண்டிருந்தார். "நீங்கள் படுங்கோ, இன்னொரு நாளைக்குப் போவம்" என்றேன். "மீன் அடுத்த கிழமை மட்டும் பாத்துக்கொண்டு நிக்காது" என்று சப்பாத்தைப் போட்டுக்கொண்டார். சின்னவன் அவருடைய தோளில் ஏறினான். முழங்கால் நோவென்று வெளியே வர மறுக்கிற என் அம்மா, மீன் என்றதும் எல்லாருக்கும் முதல் காரில் இருந்தார்.

முதலில் ஒன்றும் தெரியவில்லை. முழங்கால் அளவு தண்ணீர், பால் விடாத தேத்தண்ணி நிறத்தில். பிறகு ஒரு கல் அசைந்தது. கல்லென்று நாங்கள் நினைத்தது ஒரு மீனின் முதுகு. என் முழுக் கையளவு நீளம். செட்டை தண்ணீருக்கு மேலே தெரிய, ஓரடி உயரமுள்ள கற்படி ஒன்றில் பாய்ந்தது. விழுந்தது. திரும்பவும் பாய்ந்தது. மகள் என் விரலை இறுக்கிப் பிடித்திருந்தாள். நாலாவது பாய்ச்சலில் மேலே ஏறிவிட்டது. கரையில் நின்ற முன்பின் தெரியாத ஆட்களெல்லாம் கை தட்டினார்கள்.

சற்று மேலே ஒரு பெண்மீன் பக்கவாட்டில் சரிந்து, வாலால் சரளைக்கல்லை அடித்து அடித்துக் குழி பறித்துக்கொண்டிருந்தது. அந்தக் குழியில்தான் முட்டையிடும். சினுக் என்ற இந்த இனம் ஓடைக்குள் நுழைந்தபின் இரை எடுப்பதில்லை. ஏரியில் மூன்று நாலு வருசமாகத் தின்று சேர்த்த கொழுப்பை எரித்துக்கொண்டே ஏறும். முட்டையிட்டு முடிந்ததும் செத்துப்போகும்.

வளைவு ஒன்றில் அப்படியொரு மீன் கிடந்தது. உடம்பு திட்டுத்திட்டாக வெளுத்திருந்தது. மகள் அதன் பக்கத்தில் குந்திக்கொண்டாள்.

"அம்மா, இது நித்திரையோ?"

நான் சொல் தேடிக்கொண்டிருக்க அம்மா முந்திவிட்டார். "இல்லைக் குஞ்சு, செத்துப்போச்சு. முட்டையெல்லாம் விட்டிட்டுத்தான் செத்திருக்கு. வாலைப் பார். கல்லை அடிச்சடிச்சுத் தேஞ்சுபோச்சு."

"அதுக்கு நொந்ததோ, அம்மம்மா?"

"நொந்திருக்கும்."

மகள் கனநேரம் பேசவில்லை. பிறகு ஒரு மஞ்சள் மேப்பிள் இலையைப் பொறுக்கி, மீனின் கண்ணை மூடும்படி வைத்தாள்.

அந்த நேரம் காற்றுத் திரும்பியது. செத்த மீனும் ஈர இலையும் சேர்ந்த நாற்றம் முகத்தில் அடிக்க நான் மூக்கைச் சுளித்தேன். அம்மா கண்ணை மூடியபடி நின்றார். "எங்கட கடற்கரை மணக்குது" என்றார். கருவாடு காயும் பாய்கள், தன் தகப்பன் வலை உதறுகிற சத்தம், மீன் பங்கு பிரிக்கிற இடத்தில் சண்டை பிடிக்கிற பெண்கள் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தார். அவர் தன் தகப்பனைப் பற்றிப் பேசி நான் கேட்டு எத்தனையோ வருசம். கேட்டுக்கேட்டு வராத கதைகள், ஒரு காற்றுக்கு வந்தன.

மூக்கு அறிந்த வழி

அம்மாவுக்கு ஓடையோரம் நடந்தது, 1940-களில் ஆர்தர் ஹாஸ்லர் என்ற விஞ்ஞானிக்கு ஒரு மலையில் நடந்தது. விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் ஏரிகளை ஆராய்ந்தவர் அவர். தான் பிறந்த யூட்டா மாநிலத்துக்குப் போயிருந்தபோது டிம்பனோகஸ் மலையில் ஏறிக்கொண்டிருந்தார். பாறைக்கு அப்பால் மறைந்திருந்த அருவிப் பக்கமிருந்து, பாசியும் காட்டுப்பூவும் மணக்கிற குளிர்காற்று வந்தது. அந்தக் கணத்தில் சின்ன வயதில் பார்த்த அருவி அப்படியே அவர் நினைவில் எழுந்தது. மறந்தே போயிருந்த கூட்டாளிகளின் நினைவுகள்கூட வந்துவிட்டன. ஒரு மணம் மனிதனுக்கு இவ்வளவையும் மீட்டுத் தருமென்றால், பிறந்த ஓடையைத் தேடிப் போகிற சால்மனுக்கும் வழிகாட்டுவது மூக்குத்தானோ என்று அவருக்குத் தோன்றியது.

பிறகு அவரும் மாணவர்களும் பல வருசம் சோதித்தார்கள். மண்ணும் செடியும் கல்லும் சேர்ந்து ஒவ்வோர் ஓடைக்கும் ஒரு தனி மணம் தருகின்றன. குஞ்சுமீன் ஓடையை விட்டு இறங்குகிற பருவத்தில் அந்த மணம் அதற்குள் பதிந்துவிடுகிறது. வளர்ந்தபின் அதைப் பிடித்துக்கொண்டு திரும்புகிறது. 1970-களில் மிச்சிகன் ஏரியில் இதை உறுதிப்படுத்தினார்கள். மோர்ஃபோலின் என்ற ரசாயனம் மிகச் சிறிதளவு கலந்த தண்ணீரில் குஞ்சுகளை வைத்திருந்து ஏரியில் விட்டார்கள். ஒன்றரை வருசம் கழித்து அதே ரசாயனத்தை ஓர் ஓடையில் சொட்டவிட்டபோது, அந்த மீன்கள் அந்த ஓடையைத் தேடி வந்தன.

இதைப் படித்த இரவு எனக்கு நித்திரை வரவில்லை. காரணம், நாங்கள் பார்த்த மீனின் பூர்வீகம் இந்த ஏரி இல்லை. ஒன்ராறியோ ஏரிக்கென்றே இருந்த அத்திலாந்திக் சால்மன் 1898-ஓடு அற்றுப்போனது. ஆலைகளுக்காகக் கட்டிய அணைகள் அதன் வழியை மறித்தன. காடு வெட்டியதில் ஓடைகள் சேறாகின. போதாததற்கு அளவுகணக்கில்லாமல் பிடித்தார்கள். சினுக், பசிபிக் கரையைச் சேர்ந்தது. ஏரியில் பெருகிப்போன சிறுமீனைத் தின்னவும் தூண்டில் போடுகிறவர்களுக்காகவும் 1960-களின் கடைசியில் இருந்து கொண்டுவந்து விட்டார்கள். அவற்றில் பல இன்று ஒன்ராறியோவின் ஓடைகளிலேயே பொரிக்கின்றன. அந்தக் குஞ்சுக்குப் பசிபிக்கின் மணம் தெரியாது. எந்தச் சரளையில் பொரித்ததோ அந்தத் தண்ணீர்தான் அதன் மூக்கில் இருக்கிறது. திரும்பி வருவதும் அங்கேதான்.

என் பிள்ளைகள் இரண்டும் பிறந்தது இந்த ஓடைக்குப் பத்து நிமிடத் தூரத்தில். ஐந்து வயதில் மூக்கில் ஏறுவதுதான் ஒரு மனிதருக்கு ஆயுள் முழுக்க ஊராக இருக்கும் என்றால், இவர்களுக்கு நான் எதை ஏறவிடுகிறேன், எதற்குக் கதவைச் சாத்துகிறேன்?

அப்பிளும் இலையும்

ஒக்ரோபர் மாதத்து இரண்டாவது திங்கட்கிழமை, கனடாவில் நன்றி தெரிவிக்கும் நாள். 1957-இல் இருந்து இந்தத் திங்கள்தான். அந்த நீண்ட வார இறுதியில் கிழக்கே ஒரு மணித்தியாலம் ஓடி ஓர் அப்பிள் தோட்டத்துக்குப் போனோம். பழத்தை இழுத்தால் கொப்பு முறியும், மேலே தூக்கித் திருகினால் காம்போடு கைக்கு வரும் என்று தகப்பன் சொல்லிக்கொடுக்க, மகள் ஒவ்வொன்றாகத் திருகினாள்.

அரைக்கூடை மக்கின்ரோஷ் சேர்ந்தது. 1811-இல் ஒன்ராறியோவின் டன்டெலா என்ற இடத்தில் ஜோன் மக்கின்ரோஷ் என்ற விவசாயி பற்றை வெட்டும்போது கண்டெடுத்த கன்றுகளில் ஒன்றில் தொடங்கிய இனம் அது. உலகத்தில் எங்கே ஒரு மக்கின்ரோஷ் மரம் நின்றாலும், அந்த ஒற்றை மரத்துக் கொப்பில் இருந்து ஒட்டி ஒட்டி வந்ததுதான். வீட்டுக்கு வந்ததும் அம்மா அதைக் கீலம் கீலமாக வெட்டி, மாங்காய்க்குப் போடுவதுபோல உப்பும் தூளும் போட்டுக் கொடுத்தார். கார் மூன்று நாளாக அப்பிள் மணத்தது.

அதற்குள் வாசல் மேப்பிள் கொட்டத் தொடங்கிவிட்டது. இலையில் மஞ்சள் நிறம் கோடை முழுக்க இருக்கிறது, பச்சை கரைந்ததும் கண்ணுக்குத் தெரிகிறது. சிவப்பு மட்டும் புதிது. வெயில் பகலும் குளிர் இரவுமாக வருகிற இந்த நாட்களில், இலைக்குள் தங்கிவிட்ட சீனியில் இருந்து மரம் அதை உண்டாக்குகிறது. மகள் இரண்டையும் வேறு வேறாகப் பொறுக்கி வைப்பாள். மாநகரசபை இலைகளைக் கடதாசிப் பையில் எடுக்கும், பிளாஸ்திக் பையில் போட்டால் விட்டுவிட்டுப் போய்விடும். பின்னேரம் ஐந்தரைக்குக் கணவர் வாருகிறார், நான் பையை விரித்துப் பிடிக்கிறேன், பிள்ளைகள் குவியலில் விழுந்து திரும்பவும் இறைக்கிறார்கள். இரவு வேலைக்காரனின் வீட்டில் ஐந்து பேரும் விழித்திருந்து ஒன்றாக நிற்கிற நேரம் குறைவு. இலை வாருகிற ஒரு மணித்தியாலம் எங்களுக்குக் கிடைத்தது இந்த மரத்தால்தான்.

தூள் வறுக்கிற நாள்

குளிர் இறுகி யன்னல்களைச் சாத்திவிட்டால் பிறகு சித்திரை மட்டும் தூள் வறுக்க முடியாது. ஆகவே ஒக்ரோபரில் காற்று அடங்கிய ஒரு ஞாயிற்றுக்கிழமையை அம்மா பார்த்து வைத்திருப்பார். கராஜ் கதவை முழுக்கத் திறந்து, வெளியே வாசலில் காஸ் அடுப்பை வைத்து, ஊரில் இருந்து கொண்டுவந்த இரும்புத் தாச்சியை ஏற்றினார்.

முதலில் மல்லி. அது பொன்னிறமாகி வாசம் எழும்பியதும் இறக்கிப் பெருஞ்சீரகம், மிளகு, நற்சீரகம், வெந்தயம். பிறகு கறிவேப்பிலை. கடைசியில் செத்தல் மிளகாய். அது கருகவும் கூடாது, பச்சையாகவும் இருக்கக் கூடாது. ஒன்றை எடுத்துக் காதோரம் ஆட்டினால் உள்ளே விதை கிலுங்க வேண்டும். அம்மா ஆட்டிப் பார்த்துவிட்டு மகளின் காதிலும் ஆட்டிக் காட்டினார். "கேக்குதோ? கேட்டால் பதம்."

மகள் அப்பிள் கூடையைக் கவிழ்த்துப் போட்டு அதில் குந்தியிருந்து, சாடியில் ஒடித்த கறிவேப்பிலையை உருவிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். பின்னால் ஈர இலை நிறைந்த கடதாசிப் பைகள் ஆறு வரிசையாக நின்றன. செத்தல் நெடியில் இருவரும் மாறி மாறி இருமினார்கள், எழும்பவில்லை. நான் உள்ளேயிருந்து வந்து பார்த்தபோது அவள் சிவப்பு ஜக்கெற்றோடு இருந்தாள். கழற்றச் சொல்ல வாயெடுத்தேன். நேரம் பிந்திவிட்டது.

அடுத்த நாள் பள்ளிக்கூடம். இரவு ஜக்கெற்றைத் தோய்க்கிற மெசினில் போடக் கொண்டுபோனேன். போடுமுன் முகர்ந்தேன். செத்தல், மல்லி, கறிவேப்பிலை. அவற்றுக்கு அடியில் ஈர இலை. பைக்குள் மூக்கை விட்டால் இன்னும் கொஞ்சம் அப்பிள்.

"அம்மா, தோய்க்காதேங்கோ." மகள் படியில் நின்றாள். "அதிலை அம்மம்மா மணக்குது."

தோய்க்கவில்லை. திங்கட்கிழமை அதைப் போட்டுக்கொண்டுதான் போனாள். பின்னேரம் மட்டும் எனக்கு வேலையில் மனம் ஒட்டவில்லை. பள்ளிக்கூட வாசலில் அவள் முகத்தைத்தான் முதலில் பார்த்தேன். ஓடி வந்து பையைத் திறந்து காட்டினாள். ஓக் விதை இரண்டு, சிவப்பு இலை ஒன்று. வேறொன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

அன்றிரவு குழம்புக்கு வெங்காயமும் கறிவேப்பிலையும் தாளித்துக்கொண்டிருந்தபோது திரும்பிப் பார்த்தேன். வாசல் அலுமாரிக் கதவு திறந்திருந்தது. சிவப்புக் கை ஒன்று வெளியே நீட்டிக்கொண்டு தொங்கியது. பார்த்துவிட்டு, புதுத்தூளில் இரண்டு கரண்டி அள்ளிப் போட்டேன்.

(தொடரும்)

அடுத்த கிழமை: மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் பின்னுக்குத் திருப்புகிற இரவு