எல்.ஈ.டி குழல் விளக்கு (திரைப்பட ஒளியமைப்பு)

எல்.ஈ.டி குழல் விளக்கு என்பது, ஒளிகாலும் இருமுனையங்கள் (எல்.ஈ.டி) பலவற்றை வரிசையாகப் பதித்த பட்டையை ஒளி ஊடுபரவும் நீண்ட குழாய்க்குள் வைத்து அமைக்கப்படும் மின்விளக்கு ஆகும். வீடுகளிலும் கடைகளிலும் பயன்படும் இவ்விளக்கு, குறும்படம், ஆவணப்படம், திரைப்படம் ஆகியவற்றின் ஒளியமைப்பிலும் பரவலாகப் பயன்படுகிறது. படப்பிடிப்புக்கென்றே உருவாக்கப்பட்ட குழல் விளக்குகளும் உள்ளன. தோற்றத்தில் இரண்டும் ஒன்றுபோல் இருப்பினும், அவை தரும் ஒளியின் இயல்பு வேறானது.

படப்பிடிப்புக்கு ஒரு விளக்கு ஏற்றதா என்பதை ஒளியின் அளவு, நிறத் துல்லியம், மினுக்கமின்மை ஆகிய மூன்று பண்புகள் தீர்மானிக்கின்றன. இவற்றுள் முதலாவது மட்டுமே விளக்கின் அட்டைப்பெட்டியில் பெரிதாக அச்சிடப்படுகிறது. ஆனால் இன்றைய எண்ணிமப் படக்கருவிகளைப் பொறுத்தவரை, பெரும்பாலும் குறையாவது ஒளியின் அளவன்று, நிறமே.

வரலாறு

தொடக்ககாலத் திரைப்படங்கள் பகலொளியிலும், பின்னர்க் கரிவில் விளக்கு, டங்ஸ்டன் இழை விளக்கு ஆகியவற்றின் ஒளியிலும் எடுக்கப்பட்டன. தமிழின் முதல் முழுநீள வண்ணப்படமான அலிபாபாவும் 40 திருடர்களும் 1956 ஆம் ஆண்டு வெளிவந்தது. அக்காலத்து வண்ணப்படச்சுருள்களின் ஒளியுணர்திறன் மிகக் குறைவு. எனவே நடிகர்களின் முகத்தில் சில ஆயிரம் லக்சு ஒளி விழ வேண்டியிருந்தது. அரங்குகளில் வெப்பம் மிகுந்தமைக்கும், பெரிய விளக்குகளைச் சுமக்கவும் ஏற்றவும் பலர் தேவைப்பட்டமைக்கும் இதுவே காரணம்.

மென்மையான ஒளியின் தேவை இந்தியாவில் விரைவிலேயே உணரப்பட்டது. சத்யஜித் ராயின் அபராஜிதோ (1956) படத்தில் ஒளிப்பதிவாளர் சுப்ரதோ மித்ரா, அரங்கின் மேலே வெள்ளைத்துணியை விரித்துக்கட்டி, அதில் பட்டுத் திரும்பும் ஒளியால் காசி வீட்டு முற்றத்தின் பகலொளியை உருவாக்கினார். தமிழ்ப் படப்பிடிப்புகளில் தெர்மோகோல் பலகையில் ஒளியைப் பட்டுத் திரும்பச் செய்வதும் இதே நோக்கம் உடையது. நீண்ட குழல் விளக்கு, ஒளி வரும் பரப்பு பெரிதாக இருப்பதால், இத்தகைய மென்மையை ஓரளவு இயல்பாகவே தருகிறது.

சோக்கும் ஸ்டார்ட்டரும் கொண்ட பழைய ஒளிர்வாயுக் குழல் விளக்குகளைத் திரைப்படத்தினர் நெடுங்காலம் தவிர்த்தனர். அவற்றிலுள்ள பாதரச ஆவி 546 நானோமீட்டரில் வலுவான பச்சைக் கோட்டை உமிழ்வதால், படச்சுருளில் முகங்கள் பச்சை பாய்ந்து தெரிந்தன. 1987 ஆம் ஆண்டு வெளிவந்த பார்ஃபிளை என்னும் அமெரிக்கப் படத்திற்காக, ஒளிப்பதிவாளர் ராபி மியுல்லரின் குழுவினர் எடை குறைந்த, உயர் அதிர்வெண்ணில் இயங்கும் குழல் விளக்குகளை உருவாக்கினர். இதிலிருந்தே கினோ ஃப்ளோ விளக்குகள் தோன்றின.

வெள்ளை எல்.ஈ.டி உருவாக வழிவகுத்த நீல எல்.ஈ.டியைக் கண்டறிந்தமைக்காக இசாமு அக்காசாக்கி, இரோசி அமானோ, சூச்சி நாக்கமுரா ஆகியோருக்கு 2014 ஆம் ஆண்டு இயற்பியலுக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது. இந்தியாவில் 2015 சனவரியில் தொடங்கப்பட்ட உஜாலா திட்டத்தின் வழி 36 கோடிக்கும் மேற்பட்ட எல்.ஈ.டி விளக்குகள் மக்களைச் சென்றடைந்தன. இன்று ஒரு வீட்டிலோ தெருவிலோ படமெடுப்பவர், விரும்பினாலும் விரும்பாவிட்டாலும், எல்.ஈ.டி ஒளியில்தான் பெரும்பாலும் படமெடுக்கிறார்.

ஒளியின் அளவு

ஒரு விளக்கு உமிழும் மொத்த ஒளி லூமென் என்னும் அலகாலும், ஒரு பரப்பின்மீது விழும் ஒளி லக்சு என்னும் அலகாலும் அளக்கப்படுகின்றன. படக்கருவிக்குத் தேவையானது லக்சு ஆகும்.

நான்கடி (1.2 மீட்டர்) நீளமும் 20 வாட் திறனும் கொண்ட வீட்டுக் குழல் விளக்கு ஏறத்தாழ 2000 லூமென் ஒளியைத் தருகிறது. இதன் நேர் எதிரே விழும் ஒளியின் தோராயமான கணக்கீடு வருமாறு:

அரை மீட்டர் தொலைவில் - 1450 லக்சு
1 மீட்டர் தொலைவில் - 520 லக்சு
2 மீட்டர் தொலைவில் - 150 லக்சு
4 மீட்டர் தொலைவில் - 40 லக்சு

புள்ளி போன்ற சிறிய விளக்கில் தொலைவு இருமடங்கானால் ஒளி நான்கில் ஒன்றாகக் குறையும். நீண்ட குழலின் அருகே இக்குறைவு சற்று மெதுவாக நிகழும். அரை மீட்டரிலிருந்து 1 மீட்டருக்கு நகரும்போது ஒளி ஏறத்தாழ மூன்றில் ஒன்றாகவே ஆகிறது. குழலின் நீளத்தைவிடத் தொலைவு மிகும்போது, அது புள்ளி விளக்கைப் போலவே நடந்துகொள்ளும். எனவே குழல் விளக்கு அருகில் வைத்துப் பயன்படுத்த ஏற்றது. தொலைவிலுள்ள தெருவையோ மரத்தையோ ஒளியூட்ட அது பயன்படாது.

ஒளியுணர்திறன் (ஐ.எஸ்.ஓ) 800, துளை அளவு எஃப் 2.8, ஒளிபடும் நேரம் 1/50 நொடி என்னும் அமைப்பில் ஒரு முகத்தைப் பதிவு செய்ய ஏறத்தாழ 120 முதல் 160 லக்சு போதும். மேலேயுள்ள கணக்கின்படி, 2 மீட்டர் தொலைவிலுள்ள ஒற்றைக் குழலே இதனைத் தந்துவிடுகிறது.

நிறத் துல்லியம்

நிற வெப்பநிலை: வெள்ளொளியின் சாயல் கெல்வின் அலகில் குறிக்கப்படுகிறது. திரைப்பட டங்ஸ்டன் விளக்கு 3200 கெல்வின், திரைப்படத் துறையில் கொள்ளப்படும் பகலொளி 5600 கெல்வின் ஆகும். இந்திய வீடுகளில் மிகுதியாக உள்ள குழல் விளக்குகள் 6500 கெல்வின் அளவிலான நீலம் தோய்ந்த வெண்மை உடையவை. இச்சாயலைப் படக்கருவியின் வெண்சமநிலை அமைப்பால் சரிசெய்துகொள்ளலாம். எனவே நிற வெப்பநிலை பெரிய இடராவதில்லை.

நிறமாலை: உண்மையான இடர் இங்குள்ளது. டங்ஸ்டன் இழையும் கதிரவனும் எல்லா நிறங்களையும் தொடர்ச்சியாக உமிழ்கின்றன. வெள்ளை எல்.ஈ.டியோ 450 நானோமீட்டர் அளவிலான நீல ஒளியை உமிழும் சில்லின் மேல், மஞ்சளாக ஒளிரும் பாசுபர் பூசப்பட்டது. நீலமும் மஞ்சளும் கலந்து கண்ணுக்கு வெண்மையாகத் தெரிகின்றன. ஆனால் 480 நானோமீட்டரை ஒட்டிய நீலப்பச்சையில் ஒரு பள்ளமும், அடர்சிவப்பில் பெருங்குறைவும் அவ்வொளியில் உள்ளன. விளக்கில் இல்லாத நிறத்தைப் பொருள் திருப்பி அனுப்ப இயலாது. ஆகவே அதனைப் படக்கருவியோ, பின்னர்ச் செய்யும் நிறத்திருத்தமோ முழுமையாக மீட்க முடியாது. பச்சைச் சாயலைக் குறைக்கக் கட்டப்படும் இளஞ்சிவப்பு ஜெலட்டின் தாளும் மிகுந்த நிறத்தை வடிகட்டுமேயன்றி, இல்லாத நிறத்தைச் சேர்க்காது.

துணிக்கடையில் புடவை எடுப்போர் அதனை வாசலுக்குக் கொண்டுவந்து வெயிலில் விரித்துப் பார்ப்பது இக்காரணத்தாலேயே. கடை விளக்கில் ஒத்துத் தெரியும் புடவையும் இரவிக்கைத் துணியும் வெயிலில் வேறுவேறாகத் தெரியக்கூடும். இந்நிகழ்வு நிறமாலைப் போலி ஒப்புமை எனலாம்.

ஒளியளவுக்கும் நிறத்திற்கும் உள்ள முரண்

லூமென் என்பது மனிதக் கண்ணின் உணர்திறனைக் கொண்டு வரையறுக்கப்பட்ட அலகு. பகல் வெளிச்சத்தில் கண், 555 நானோமீட்டர் அளவிலான மஞ்சட்பச்சையை மிக நன்றாக உணர்கிறது. 650 நானோமீட்டர் சிவப்பை அதில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கே உணர்கிறது. ஆதலால் சிவப்பொளிக்குச் செலவிடும் மின்னாற்றல் லூமென் கணக்கில் மிகச் சிறிதளவே சேர்கிறது. ஒரு வாட்டுக்கு மிகுதியான லூமென் காட்ட விரும்பும் உற்பத்தியாளர், அடர்சிவப்பைக் குறைத்தால் எளிதில் அதனை அடையலாம்.

மின்சிக்கனத்தைக் குறிக்கும் நட்சத்திரக் குறியீடும் ஒரு வாட்டுக்குக் கிடைக்கும் லூமெனையே கொண்டு அமைகிறது. வீட்டுக்கு இது நன்று. ஆனால் ஒரே தொழில்நுட்பத்தில் அமைந்த, ஒரே வாட் கொண்ட இரு குழல்களுள் கூடுதல் லூமென் உடையது, படப்பிடிப்புக்குத் தாழ்ந்ததாகவும் இருக்கக்கூடும்.

சுட்டெண்கள்

நிற வெளிப்பாட்டுச் சுட்டெண் (சி.ஆர்.ஐ): பன்னாட்டு ஒளியூட்டல் ஆணையம் 1965 இல் வெளியிட்டு 1974 இல் திருத்தியது. மங்கலான எட்டு நிறங்கள் எவ்வளவு சரியாகத் தெரிகின்றன என்பதன் சராசரியே இது. அடர்சிவப்பைக் குறிக்கும் ஆர்9 என்னும் மாதிரி இச்சராசரியில் சேராது. ஆகையால் சுட்டெண் 80 பெற்ற வீட்டுக் குழலின் ஆர்9 மதிப்பு சுழியை ஒட்டியும் இருக்கலாம். படப்பிடிப்புக்குச் சுட்டெண் 95க்குக் குறையாத விளக்குகளே விரும்பப்படுகின்றன. ஆர்9 மதிப்பும் தனியே நோக்கப்படுகிறது.

தொலைக்காட்சி ஒளியூட்ட ஒருமைச் சுட்டெண் (டி.எல்.சி.ஐ): ஐரோப்பிய ஒலி-ஒளிபரப்பு ஒன்றியம் 2012 இல் பரிந்துரைத்தது. கண்ணுக்குப் பதிலாகத் தொலைக்காட்சிப் படக்கருவியை அடிப்படையாகக் கொண்டது. 85க்கு மேற்பட்ட மதிப்புடைய ஒளியில் நிறத்திருத்தம் பெரும்பாலும் தேவைப்படாது.

நிறமாலை ஒப்புமைச் சுட்டெண் (எஸ்.எஸ்.ஐ): ஆஸ்கர் விருது வழங்கும் அமெரிக்கத் திரைப்படக் கழகம் உருவாக்கியது. விளக்கின் நிறமாலையை டங்ஸ்டன் அல்லது பகலொளி நிறமாலையுடன் நேரடியாக ஒப்பிடுகிறது.

தோல் நிறம்

மனிதத் தோல் நீலத்தைக் குறைவாகவும் சிவப்பை மிகுதியாகவும் திருப்பி அனுப்புகிறது. பழுப்பு, கருமை நிறத் தோல்களின் உயிரோட்டம் பெரிதும் இச்சிவப்பில்தான் உள்ளது. சிவப்புக் குறைந்த ஒளியில் அத்தோல் சாம்பல் பூத்தோ பச்சை பாய்ந்தோ தெரிகிறது. சுட்டெண் மாதிரிகளுள் ஆர்13 வெளிறிய ஐரோப்பியத் தோலையும், ஆர்15 சப்பானியத் தோலையும் குறிக்கின்றன. தமிழர் முகங்களின் நிற வேறுபாடுகளை இவ்விரண்டும் அளப்பதில்லை. எனவே சுட்டெண்ணை மட்டும் நம்பாமல், நடிக்கவிருப்பவரின் முகத்திலேயே விளக்கைச் சோதித்துப் பார்ப்பது இன்றியமையாதது.

மினுக்கம்

இந்தியாவில் மாறுமின்னோட்டத்தின் அதிர்வெண் 50 ஏர்ட்சு ஆகும். தரம் குறைந்த மின்சுற்று உடைய குழல், நொடிக்கு 100 முறை மினுங்கும். கண் இதனை உணராவிடினும், படத்தில் கிடைமட்டப் பட்டைகள் ஓடும். நொடிக்கு 24 படங்கள் எடுக்கும்போது ஒளிபடும் நேரத்தை 1/48 நொடிக்குப் பதிலாக 1/50 நொடியாக (ஷட்டர் கோணம் 172.8 பாகை) அமைத்தால், ஒவ்வொரு படமும் சரியாக இரு துடிப்புகளைப் பெறுவதால் பட்டைகள் மறையும். மெதுவியக்கக் காட்சிகளுக்கு இத்தீர்வு பொருந்தாது. அவற்றுக்கு மினுக்கமற்ற விளக்கே தேவை.

எடுத்துக்காட்டு: சங்கரன்கோவில்

2019 முதல் தென்காசி மாவட்டத்தில் அமைந்துள்ள சங்கரன்கோவில், சிவனும் திருமாலும் ஓருருவாய் விளங்கும் சங்கரநாராயணர் கோயிலாலும், கோமதி அம்மனின் ஆடித்தபசுத் திருவிழாவாலும், விசைத்தறித் தொழிலாலும் அறியப்படும் ஊர். திரைப்பட விளக்குகளை வாடகைக்கு விடும் நிறுவனங்கள் பெரும்பாலும் சென்னையில் உள்ளன. ஆகவே இத்தகைய ஊர்களில் ஆவணப்படமோ குறும்படமோ எடுக்க முனையும் மாணவர், கிடைக்கும் வீட்டுக் குழல்களைக் கொண்டே பணிபுரிய நேர்கிறது.

தபசுக் காட்சி போன்ற ஓர் இரவு விழாவில் பலவகை ஒளிகள் கலக்கின்றன. எண்ணெய் விளக்கின் சுடர் ஏறத்தாழ 1900 கெல்வின். சோடிய ஆவித் தெருவிளக்கு இருக்குமாயின் 2000 கெல்வின். பந்தலில் கட்டப்படும் குழல்கள் 6500 கெல்வின். படக்கருவியைக் குழலுக்குச் சமன்செய்தால் சுடர் செம்மஞ்சளாகும். சுடருக்குச் சமன்செய்தால் குழல் நீலமாகும். ஏறத்தாழ 4000 கெல்வினில் நிறுத்தினால் இரண்டின் இயல்பும் ஓரளவு நிற்கும். ஆனால் குங்குமத்தின் சிவப்பும் முகங்களின் பழுப்பும் குழலொளியில் மட்டும் நிற்கும்போது வாடிவிடும். அருகில் எடுக்கும் முகக்காட்சிகளுக்காவது உயர் சுட்டெண் உடைய குழல் ஒன்றைத் தனியே பயன்படுத்துவது இதனைப் பெரிதும் தவிர்க்கும். பகலில், வெயிலைத் தெர்மோகோல் பலகையில் திருப்பிப் பெறும் ஒளிக்கு நிகரான நிறத் துல்லியத்தை விலைகுறைந்த எந்தக் குழலும் தருவதில்லை.

எளிய சோதனைகள்

குங்குமம், மஞ்சள், வாழையிலை, வெள்ளைத்தாள் ஆகியவற்றை ஒருவரின் முகத்தருகே வைத்து, முதலில் வெயிலிலும் பின்னர்க் குழலொளியிலும் படமெடுக்கலாம். இருமுறையும் வெள்ளைத்தாளைக் கொண்டு வெண்சமநிலை செய்தல் வேண்டும். குங்குமம் செங்கல் நிறமாகத் தெரிந்தால் விளக்கில் சிவப்புக் குறைவு.

குறுவட்டின் பளபளப்பான பக்கத்தில் குழலின் எதிரொளியைப் பார்த்தால் அதன் நிறமாலை விரியும். நீலத்திற்கும் பச்சைக்கும் இடையே இருள் தெரிந்தால், மேற்கூறிய பள்ளம் அவ்விளக்கில் உள்ளது.

செல்பேசியின் மெதுவியக்கப் பதிவில் குழலைப் படமெடுத்தால் மினுக்கம் வெளிப்படும்.

ஒரு காட்சிக்குப் பல குழல்கள் தேவையெனில், ஒரே நிறுவனத்தின் ஒரே தொகுதியில் உருவானவற்றையே வாங்குதல் நன்று. ஒரே கெல்வின் குறிக்கப்பட்ட குழல்களும் தொகுதிக்குத் தொகுதி சாயலில் வேறுபடக்கூடும்.

இவற்றையும் பார்க்க

ஒளிகாலும் இருமுனையம்
நிற வெப்பநிலை
ஒளிப்பதிவு
சங்கரன்கோவில்